முதல் கூடை விழும்வரை

பத்து வருஷத்தில் கூடைப்பந்து அணிக்கு இது நான்காவது கோச். முதல் ஆள் தோற்றே ஊரை விட்டுப் போனார். இரண்டாவது ஆள் கொஞ்சம் ஜெயித்தார், உடனே பெரிய கல்லூரி ஒன்று கூப்பிட ராவோடு ராவாக ஓடிப்போனார். மூன்றாவது ஆள் மூன்று வருஷம் என்னதான் செய்தார் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு முறையும் ஹோல்கம் ஸ்டேட் கல்லூரிக்காரர்கள் புதியவரை மேடையேற்றி, கையில் ஒரு சிவப்புச் சட்டையைக் கொடுத்துப் படம் எடுப்பார்கள். ஒவ்வொரு முறையும் இண்டியானாவின் அந்தச் சின்ன ஊர் வெட்கமே இல்லாமல் மறுபடி நம்பும்.

கேலன் யோடருக்கும் அலுத்துத்தான் போயிருந்தது. ஆனால் அதை வெளியே காட்டிக்கொள்ள அவரால் முடியாது. காரணம் ட்வைலா.

ட்வைலா அவருடைய மனைவியாக இருந்தவள். விவாகரத்தின்போது வீடு அவளுக்கு, பிக்கப் வண்டி அவருக்கு என்று எல்லாம் சுலபமாகத்தான் பிரிந்தது. கூடைப்பந்து அரங்கத்தின் பதினோராவது வரிசையில், சீசன் முழுக்க அவர்கள் பெயரில் இருந்த இரண்டு இருக்கைகளில்தான் வழக்கு சிக்கிக்கொண்டது. இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை. வக்கீல்கள் களைத்துப்போய் ஆளுக்கு ஒன்று என்று எழுதிவிட்டார்கள். அதிலிருந்து, ஒரு கூரையின் கீழ் வாழ முடியாத இருவரும் குளிர்காலம் முழுக்கத் தோள் உரச உட்கார்ந்து ஒரே அணிக்காகத் தொண்டை கிழியக் கத்தினார்கள். முதல் வருஷம் பேச்சே இல்லை. அடுத்த வருஷம் நடுவரைத் திட்டுவதில் ஒன்று சேர்ந்தார்கள். அப்புறம் பாப்கார்ன் ஒரே பையில் வர ஆரம்பித்தது.

கேலன், வண்டிக்குள்ளேயே வீடு அமைத்துத் தரும் ஒரு தொழிற்சாலையில் அலமாரி பொருத்துகிறவர். காலையில் போனால் மாலைவரை ஸ்க்ரூ முடுக்கும் சத்தம். வீட்டுக்கு வந்தால் அந்தச் சத்தமும் கிடையாது. வாரத்தில் அவர் வாய்விட்டுச் சிரிப்பது அந்தப் பதினோராவது வரிசையில் மட்டும்தான். அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை, ட்வைலாவிடம் நிச்சயமாக இல்லை.

சீசன் தொடங்குவதற்கு முந்தின வாரம் ட்வைலா போன் செய்தாள்.

“கெர்பி என் சீட்டைக் கேக்குறான். குடுத்துடலாம்னு பாக்குறேன்.”

கெர்பி அவள் தங்கை மகன். வாய் நிறைய நாச்சோ சிப்ஸ், காதில் போன், இதுதான் கெர்பி.

“ஏன், இப்ப என்ன வந்துச்சு உனக்கு?” என்றார் கேலன்.

“முட்டி ரெண்டும் போச்சு. இதுல தோக்குறதப் பாக்க பனியில வண்டி ஓட்டிட்டு வேற வரணும். போதும்ப்பா.”

“இந்தத் தடவை அப்படியில்ல ட்வைலா! புது கோச் பிரூயிட் சும்மா ஆள் இல்ல. கூட மூணு பேரக் கூட்டிட்டு வந்திருக்காரு. உயரமான பசங்களுக்குச் சொல்லிக்குடுக்க ஒருத்தன், ஊர் ஊராப் போய் நல்ல பசங்களப் புடிச்சுட்டு வர ஒருத்தன். பந்து எறியச் சொல்லித்தர லித்துவேனியாவிலருந்தே ஆள் வந்திருக்கான். அவன் தொட்ட பையன் குறி தப்ப மாட்டானாம்!”

“போன ஆளும் இப்படித்தான் ஒருத்தனக் கூட்டிட்டு வந்தான். பசங்க எறிஞ்ச எறியில வளையம்தான் நெளிஞ்சுது.”

“மொதல் ஆட்டத்தப் பாரு. அப்புறம் முடிவு பண்ணு.”

மறுமுனையில் ஒரு பெருமூச்சு கேட்டது. “சரி. ஆட்டம் முடிஞ்சதும் கெர்பிக்கு ஒரு வார்த்தை சொல்லிடுவேன். அதுக்கப்புறம் என்னைப் புடிச்சு இழுக்காத.”

முதல் ஆட்டத்தன்று பொடிப்பனி பெய்தது. எதிரணி பேர் தெரியாத ஒரு சின்னக் கல்லூரி, ஜெயிப்பதற்காகவே பார்த்துப் பார்த்துக் கூப்பிட்ட அணி. பிரூயிட்டும் அவருடைய மூன்று பேரும் ஒரே மாதிரி சாம்பல் நிற மேல்சட்டையில் வரிசையாக நடந்து வந்தபோது அரங்கமே அதிர்ந்தது. கேலனுக்குப் பின்வரிசை டாய்ல், “இதுதான்யா படை!” என்று கூவினான். மூன்றாவது கோச் வந்தபோதும் அவன் இதையேதான் கூவினான்.

ஹோல்கமில் ஒரு வழக்கம் உண்டு. நம் அணி முதல் கூடை போடும்வரை யாரும் உட்காரக்கூடாது, நின்றபடியே கைதட்ட வேண்டும். எவனாவது உட்கார்ந்தால் கூடை விழாது என்று ஊருக்கு ஒரு பயம். அந்தப் பயத்துக்குப் போலீஸ்காரர் கேலன்தான். உட்கார்ந்தவர்களை அவர் கத்தியே எழுப்பியிருக்கிறார். போதகர் ஒருவரைக்கூட விட்டதில்லை.

பந்து உயர்ந்தது, எல்லாரும் கைதட்டினார்கள். நம் பையன் எறிந்த முதல் பந்து வளையத்தில் பட்டுத் தெறித்தது. அடுத்தது வளையத்தையும் தொடவில்லை. அந்தப் பக்கம் பேர் தெரியாத கல்லூரி ஒன்று போட்டது, இன்னொன்று போட்டது. பிரூயிட் ஆட்டத்தை நிறுத்திப் பசங்களைக் கூட்டி வைத்துப் பேசினார். மறுபடி இறங்கி மறுபடி தவறவிட்டார்கள். லித்துவேனியாக்காரர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

“குறி தப்பாதுன்னியே?” என்றாள் ட்வைலா.

“புதுசு இல்லையா, பழகணும். இப்ப விழும் பாரு.”

“பொறுமையப் பத்தி எங்கிட்டயே சொல்றியா? எட்டு மாசக் கர்ப்பத்தோட இதே எடத்துல என்னை நிக்க வச்சவன்தானே நீ. ஒக்காந்தா தோத்துடுவோம்னு கையப் புடிச்சு நிறுத்தின.”

அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். கேலனும் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. அன்று அந்த ஆட்டத்தில் ஜெயித்தார்களா என்பதுகூட அவருக்கு இப்போது நினைவில் இல்லை.

மீண்டும் ஒரு பந்து தெறித்தது. கைதட்டல் தளர்ந்தது, ஆனால் ஒருவரும் உட்காரவில்லை. ட்வைலா கைதட்டுவதை நிறுத்தியிருந்தாள். முன் நாற்காலியின் முதுகை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். விரல் முட்டிகள் வெளுத்திருந்தன, உதட்டைக் கடித்திருந்தாள். வலிக்கிறது என்று அவள் சொல்ல மாட்டாள். சொல்லிப் பார்த்துவிட்டு நிறுத்திய பழக்கம் அது.

கேலன் ஆட்டத்தைப் பார்த்தார். பிறகு அந்த விரல்களைப் பார்த்தார். அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

டாய்லுக்கு ஒரு கணம் நம்பவே முடியவில்லை. “யோவ்! கேலன் ஒக்காந்துட்டாருய்யா! பெரியவரே, ஏந்திரிங்க! வெளங்கினாப்லதான்!”

நாலு வரிசை திரும்பிப் பார்த்தது. யாரோ பாப்கார்னை எறிந்தார்கள். கேலனுக்குக் காது சுட்டது.

ட்வைலா பதறிப்போய்க் குனிந்தாள். “என்னாச்சு? நெஞ்சு வலியா?”

“ஒண்ணுமில்ல. ஒக்காரு.”

“கூடை இன்னும் விழல கேலன்.”

“விழுந்தா விழுது, விழாட்டிப் போகுது. கால் வலிக்குதுல்ல? ஒக்காரு.”

அவள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மெல்ல, நாற்காலியின் கையைப் பிடித்துப் பிடித்து உட்கார்ந்தாள். இருவரைச் சுற்றிலும் சிவப்புச் சட்டை முதுகுகள் சுவர்போல நின்றன. ஆட்டம் கொஞ்சமும் தெரியவில்லை.

“அந்த லித்துவேனியாக்காரன் யாருன்னே எனக்குத் தெரியாது” என்றார் கேலன். “மத்த ரெண்டு பேரையும் தெரியாது. பேப்பர்ல வந்ததப் படிச்சேன், மிச்சத்த நானே சேர்த்துக்கிட்டேன். இவனுங்க தேறுவானுங்கன்னு எனக்கும் நம்பிக்கை இல்ல.”

“அப்புறம் எதுக்கு அவ்ளோ அளந்த?”

“பக்கத்துல கெர்பி வந்து ஒக்காந்தா நான் யார்கிட்ட பேசுவேன்?”

சொன்ன பிறகு அவருக்கு நிமிரவே கூச்சமாக இருந்தது. ட்வைலா முட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

திடீரென்று கூரை பிளக்கிற மாதிரி ஒரு சத்தம். முதுகுகள் குதித்தன, கட்டிக்கொண்டன, பிறகு மொத்தமாக உட்கார்ந்தன. விளக்கு வெளிச்சம் பளீரென்று இருவர் மேலும் விழுந்தது.

“யாரு போட்டா?” என்றாள் ட்வைலா.

“பாக்கலையே.”

அவள் கைப்பையிலிருந்து போனை எடுத்தாள். ஆட்டம் முடிய இன்னும் எவ்வளவோ நேரம் இருந்தது. எழுத்து எழுத்தாக அவள் தட்டியதைப் பார்க்கப் பயந்து, கேலன் தன் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கெர்பிக்கு இல்லைன்னு சொல்லிட்டேன்” என்றாள். “ஆனா ஒண்ணு. இனிமே நான் நிக்க மாட்டேன்.”

“நானும்தான்.”

“அப்புறம், அடுத்த தடவை வரும்போது ஒக்கார ஒரு குஷன் எடுத்துட்டு வா. இந்த நாற்காலி கல்லாட்டம் இருக்கு.”

அன்று தோற்றார்கள். அந்த சீசன் பாதிக்குமேல் தோற்றார்கள், வசந்தத்துக்குள் ஊர் ஐந்தாவது கோச்சைப் பற்றிப் பேசத் தொடங்கியிருந்தது. டாய்ல் கேலனோடு பேசுவதையே விட்டுவிட்டான். ஒவ்வொரு ஆட்டத்திலும் அரங்கமே எழுந்து நின்று கைதட்டும்போது, பதினோராவது வரிசையில் இரண்டு பேர் மட்டும் இரண்டு குஷன்களில் உட்கார்ந்து முதுகுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த வருஷம் முழுக்க, முதல் கூடை விழுந்ததைக் கேலன் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.