நான்காவது டம்ளர்

தையல்காரம்மா வீட்டில் நான்கு டம்ளர் அரிசி ஆறு வருடமாக வேகவில்லை. மூன்று போட்டால் மூன்றாவது விசிலில் குழைந்துவிடும் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். மூன்று போட அவர்தான் சம்மதிக்கவில்லை. அவருடைய சமையலில் ஒளிவுமறைவு எதுவும் கிடையாது. ஒரே குக்கர். எண்ணெயில் சீரகமும் இஞ்சியும் பொரிந்ததும் கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு. ஆளுக்கு ஒரு சின்ன எவர்சில்வர் டம்ளர் அரிசி, அரிசியில் பாதி பாசிப்பருப்பு, மஞ்சள்தூள், உப்பு, தண்ணீர். பிறகு மூடி. தையல் மிஷினில் உட்கார்ந்தபடியே விசிலை எண்ணிக்கொள்ளலாம் என்பதால் கல்யாணமான நாளிலிருந்து மதியச் சாப்பாடு இதுதான். பச்சைப் பட்டாணி மட்டும் சேர்ப்பதில்லை. மகனுக்குப் பிடிக்காது. தப்பித் தவறி விழுந்த பட்டாணியைக்கூட அவன் பொறுக்கியெடுத்துத் தட்டின் விளிம்பில் வரிசையாக அடுக்கி வைப்பான். இருபத்து மூன்று வயதிலும் அந்தப் பழக்கம் போகவில்லை.

அந்த மகன் சாயத் தொழிற்சாலையில் தொட்டி கழுவும் வேலையில் இருந்தான். ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு வேலைக்குப் போனவன் மதியம் சாப்பிட வரவில்லை. அன்று மூன்று விசிலும் ஒழுங்காகத்தான் வந்தன. மூடியைத் திறந்தால் அரிசி போட்டபடியே கிடந்தது. பருப்பு கல் மாதிரி இருந்தது, கேரட்டின் நறுக்கின விளிம்புகூட மழுங்கவில்லை. தண்ணீர் மட்டும் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. மறுநாளும் அவன் வராததால் அப்பா தொழிற்சாலைக்குப் போய் விசாரித்தார். அவர் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக், அதிகம் பேசத் தெரியாதவர். சூப்பர்வைசர் வருகைப் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். மகன் பெயருக்கு நேரே செவ்வாய்க்கிழமை வரவில்லை என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தது. “வயசுப் பையன். எங்கயாவது போயிருப்பான், வந்துடுவான்,” என்றார் சூப்பர்வைசர். காவல் நிலையத்திலும் அதையே சொல்லி அனுப்பினார்கள்.

முதலில் பழியெல்லாம் குக்கர் மேல்தான் விழுந்தது. கேஸ்கட்டை மாற்றினார்கள், வெயிட்டை மாற்றினார்கள், கடைசியில் குக்கரையே மாற்றினார்கள். பக்கத்து வீட்டு அடுப்பில் ஏற்றிப் பார்த்தார்கள். எதற்கும் அசைந்து கொடுக்கவில்லை. பத்தாம் நாள் தையல்காரம்மா காய்ச்சலில் படுத்துவிட, பள்ளிக்கூடம் முடித்திருந்த மகள் சமைத்தாள். வீட்டில் இருப்பது மூன்று பேர்தானே என்று, வேறொன்றும் நினைக்காமல், அம்மாவின் டம்ளரால் மூன்று அளந்து போட்டாள். வெந்தது. பன்னும் வாழைப்பழமும் தின்று நாக்குச் செத்துப்போயிருந்த அப்பா வாசனைக்கே எழுந்து வந்து தட்டை எடுத்தார். தையல்காரம்மாவும் எழுந்து வந்தார். குக்கருக்குள் பார்த்தார், எத்தனை டம்ளர் என்று கேட்டார், பிறகு குக்கரைத் தூக்கிக்கொண்டு போய் வாசல் சாக்கடையில் கவிழ்த்தார்.

“மூணு போட்டா என் பிள்ளை செத்துட்டான்னு நானே சொல்ற மாதிரி,” என்றார். “பசியோட வந்து நிப்பான். அவன் பங்கு இருக்கணும்.”

அதன் பிறகு அந்த டம்ளரை அவர் யார் கையிலும் கொடுக்கவில்லை. தினமும் நான்கு அளப்பார், மூன்று விசில் விடுவார், வேகாததை வடித்து மொட்டை மாடியில் காயவைத்து மறுநாள் அதையே மறுபடி போடுவார். ஒரே அரிசி மாதக்கணக்கில் வந்தது. மளிகைக்கடைக்காரருக்குத்தான் வருத்தம். அப்பா பணிமனை கேன்டீனில் சாப்பிட்டார், மகள் ரொட்டியில் காலம் தள்ளினாள். தையல்காரம்மா என்ன சாப்பிட்டார் என்பது யாருக்கும் சரியாகத் தெரியாது. ரவிக்கைகளின் அளவு மட்டும் ஒரு நூல் பிசகவில்லை.

விஷயம் தெருவுக்குத் தெரிய அதிக நாள் ஆகவில்லை. குக்கரில் குற்றமில்லை, டம்ளருக்குத்தான் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்பது தெரிகிறது என்று முதலில் கண்டுகொண்டவள் இஸ்திரிக்காரர் மனைவி. இஸ்திரிக்காரர் கப்பல் வேலைக்குப் போய் எட்டு மாதமாகத் தகவல் இல்லை. அவள் தன் வீட்டு அரிசியைக் கொண்டுவந்து, அவரையும் சேர்த்து ஐந்து பேருக்கு அளந்து போடச் சொன்னாள். பூவாக வெந்தது. அடுத்த மாதமே இஸ்திரிக்காரர் திரும்பி வந்தார், கூடவே இன்னொரு பெண்ணும் வந்தாள். டம்ளர் உயிரை மட்டும்தான் சொல்லும், ஒழுக்கத்தைச் சொல்லாது என்று தெருவில் பேசிச் சிரித்தார்கள். பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் வரிசை நிற்க ஆரம்பித்தது. சண்டை போட்டுப் போன தம்பி, வேலை தேடிப் போன மகள், வெள்ளத்தில் அகப்பட்ட சம்பந்தி என்று ஒவ்வொரு வீட்டுக்கும் ஒருவர் காணாமல் போயிருந்தார். ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் தம்பிக்காக வந்தார். வேகவில்லை. ஈர அரிசியைப் பையில் வாங்கிக்கொண்டு, “இனிமே ராத்திரி கதவைத் தாழ் போட்டுக்கலாம்,” என்று சொல்லிவிட்டுப் போனார். தையல்காரம்மா யாருக்கும் ஆறுதல் சொல்லவில்லை, யாரிடமும் எதுவும் வாங்கவில்லை. அடுத்தவர் வீட்டுச் சாவைத் திறந்து காட்ட அவரால் முடிந்தது. திங்கட்கிழமை வந்தால் தன் வீட்டுக்கு நான்கு அளந்தார். மகளுக்கு அம்மா மேல் வந்த கோபமும் பரிதாபமும் ஒன்றுதான், இரண்டையும் பிரிக்க அவளால் முடியவில்லை.

ஆறாவது வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வரிசையின் கடைசியில் தொழிற்சாலை சூப்பர்வைசர் நின்றார். வெளியூரில் படிக்கும் மகள் நாற்பது நாளாகப் பேசவில்லையாம், விடுதி அறை பூட்டிக் கிடக்கிறதாம். போகாத இடமில்லை, கடைசியில் மனைவி பிடித்துத் தள்ளி இங்கே அனுப்பியிருந்தாள். அவரைப் பார்த்ததும் அப்பா ஸ்பேனரை எடுத்தார். “அதைக் கீழ வைங்க,” என்றார் தையல்காரம்மா. “சார், உள்ள வாங்க. வீட்டுல எத்தனை பேர்?”

“மூணு பேரும்மா. அவளோட சேத்து.”

மூன்று அளந்தார். காய் நறுக்கினார், எப்போதும் போல அவசரமில்லாமல். மூன்று விசிலுக்குப் பதினைந்து நிமிடம் ஆகும். அந்தப் பதினைந்து நிமிடமும் சூப்பர்வைசர் குக்கரையே கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருந்தார். மூடி திறந்தது. வெந்திருந்தது. அவர் சமையலறைச் சுவரில் சாய்ந்து வாய்விட்டு அழுதார். தையல்காரம்மா ஒரு தட்டில் போட்டு அவர் முன்னால் வைத்தார்.

“சாப்பிடுங்க சார்.” அவர் முதல் கவளத்தைப் பிசைந்ததும் தையல்காரம்மா கேட்டார், “உங்க பொண்ணு இருக்கா. என் பையன் எங்க இருக்கான்?”

அவர் கை தட்டிலேயே நின்றுவிட்டது. இல்லை என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அப்படிச் சொல்லி ஆறு வருடம் தப்பித்தவர்தான். ஆனால் சற்று முன்புதான் மகளைத் திரும்பப் பெற்றிருந்தார். பொய் சொன்னால் தட்டிலிருப்பது மறுபடி அரிசியாகிவிடுமோ என்று பயந்துபோனதாகப் பிறகு நீதிமன்றத்தில் சொன்னார்.

“அஞ்சாம் நம்பர் தொட்டிம்மா,” என்றார். “சேறு அள்ள இறங்கினான். உள்ள விஷக்காத்து. கயிறு கட்டி அனுப்பல. மேல இருக்கறவங்க வந்து பாத்துட்டு, அப்படியே கான்கிரீட் போட்டு மூடச் சொல்லிட்டாங்க. வரலைன்னு எழுதினது நான்தான்.”

யாரும் அவரை அடிக்கவில்லை. அப்பா கையிலிருந்த ஸ்பேனர் தரையில் விழுந்த சத்தம் மட்டும் கேட்டது. சூப்பர்வைசர் எழுந்திருக்கப் பார்த்தார். “உக்காந்து சாப்பிட்டு முடிங்க,” என்றார் தையல்காரம்மா. “வெந்த சோறு.” அவர் அழுதுகொண்டே கடைசிப் பருக்கை வரை தின்றார். பிறகு அப்பா அவரைக் காவல் நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

தொட்டியை உடைக்க நான்கு மாதம் ஆனது. கிடைத்ததை ஒரு துணியில் சுற்றிக் கொடுத்தார்கள். பெல்ட்டின் பக்கிளைப் பார்த்து அப்பா அடையாளம் சொன்னார். சூப்பர்வைசர் சிறைக்குப் போனார், மேலே இருந்தவர்கள் போகவில்லை. அது யாருக்கும் அதிசயமாகப் படவில்லை. அந்த நான்கு மாதமும் தையல்காரம்மா நான்குதான் அளந்தார். கண்ணால் பார்க்கட்டும் என்று மகளும் விட்டுவிட்டாள்.

மகனை அடக்கம் செய்த மறுவாரம், ஒரு புதன்கிழமை, தையல்காரம்மா பாதியில் மிஷினை நிறுத்திவிட்டு மகளைக் கூப்பிட்டார். “கடைக்குப் போய்ப் பட்டாணி வாங்கிட்டு வா.”

மகள் வாங்கி வந்து உரித்துக் கொடுத்தாள். தையல்காரம்மா ஒன்று, இரண்டு, மூன்று அளந்து போட்டார். பழக்கத்தில் கை மறுபடி அரிசி டின்னுக்குள் போனது. சிறிது நேரம் உள்ளேயே இருந்துவிட்டு வெறும் டம்ளரோடு வெளியே வந்தது. மூன்றாவது விசிலில் அடுப்பை அணைத்தார். வெந்ததா என்று பார்க்க யாரும் அவசரப்படவில்லை, வெந்திருக்கும் என்று தெரியும். ஆறு வருடத்துக்குப் பிறகு மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து சுடச்சுடச் சாப்பிட்டார்கள். ருசியாக இருந்தது. அதைத்தான் அவர்களால் தாங்க முடியவில்லை. மகள் தன் தட்டிலிருந்த பட்டாணிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி விளிம்பில் வரிசையாக அடுக்கினாள். அவளுக்குப் பட்டாணி பிடிக்கும். தையல்காரம்மா அந்த வரிசையைப் பார்த்தார். பிறகு அவள் தட்டில் இன்னொரு கரண்டி போட்டார்.