பதிவுக்காக ஒருவர் காத்திருக்கிறார்

ஆபீஸில் அவனுக்குப் பூட்டு என்று பெயர். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. சம்பளச் சீட்டைத் தவிர வேறெங்கும் அதற்கு வேலை இல்லை. பூட்டு வந்தாச்சா, பூட்டைக் கேளு, பூட்டு ஒத்துக்காது என்று எதற்கெடுத்தாலும் பூட்டுதான். இதில் அவனுக்குக் கோபம் கிடையாது. உள்ளூரக் கொஞ்சம் பெருமைகூட உண்டு. பின்னே, நகரத்து ஆஸ்பத்திரிகள் அத்தனையின் தீவிர சிகிச்சைப் படுக்கைகளுக்கும் பூட்டுப் போட்டவன் அவன்தானே!

விஷயம் இதுதான். அந்த ஆஸ்பத்திரிகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே கணினிப் பலகை. எந்தப் படுக்கை காலி, எதில் ஆள் இருக்கிறார் என்று, படுக்கை ஒதுக்குகிற அந்த ஆபீஸின் எல்லா மேசைகளிலும் ஒரே நேரத்தில் தெரியும். தெரிவதில்தான் வம்பே. ஒரே காலிப் படுக்கையை இரண்டு மேசைக்காரர்கள் ஒரே நொடியில் பார்த்து, இரண்டு பேரும் ஆளுக்கொரு நோயாளிக்குக் கொடுத்து, இரண்டு ஸ்ட்ரெச்சர்கள் ஒரு கட்டிலுக்கு முன்னால் முட்டிக்கொண்டு நின்ற கூத்தெல்லாம் நடந்திருக்கிறது. அதன் பிறகுதான் இவன் பூட்டுப் போட்டான். ஒரு படுக்கையின் பதிவைத் திருத்துவதற்காக ஒருவர் திறந்தால், அவர் மூடும்வரை மற்றவர்கள் பார்க்கலாம், தொட முடியாது. வேறு யாருக்காவது அந்தப் பதிவு வேண்டுமென்றால் திறந்து வைத்திருப்பவரின் திரையில் மணி ஒலிக்கும்: 'இந்தப் பதிவுக்காக ஒருவர் காத்திருக்கிறார்.' மணி அடித்தால் மூடிவிட்டு நகர்ந்துவிட வேண்டும். மனிதர்களின் நல்ல புத்தியை நம்பிச் செய்த ஏற்பாடு அது.

மேசைக்காரர்கள் லேசுப்பட்டவர்களா என்ன? பதிவைத் திறந்து போட்டுவிட்டுச் சாப்பிடப் போவார்கள். போன இடத்தில் ஊர்க்கதை பேசுவார்கள். சும்மா ஒரு பெயரைப் பார்ப்பதற்குக்கூட, 'பார்வையிட' என்ற பொத்தானை விட்டுவிட்டு 'திருத்த' என்ற பொத்தானைத்தான் அமுக்குவார்கள். பூட்டு ஒவ்வொரு மேசையாகப் போய்க் கத்தி, தொண்டைத்தண்ணீர் வற்றி, கடைசியில் எல்லார் தலைக்கு மேலும் பெரிய எழுத்தில் ஒட்டிவிட்டு வந்தான்: 'பார்க்க வேண்டுமானால் பாருங்கள். திருத்தத் திறக்காதீர்கள்.'

இது போதாதென்று கெடு ஒன்றும் வைத்திருந்தான். வழியில் வந்துகொண்டிருக்கும் நோயாளிக்காகப் படுக்கையைப் பிடித்து வைக்கலாம். பஸ் ஜன்னல் வழியாக இடம் பிடிக்கிற மாதிரிதான் என்பதால் ஆபீஸில் இதற்குத் துண்டு போடுவது என்று பெயர். துண்டு கால் மணி நேரம் நிற்கும். அதற்குள் வந்து சேர முடியாவிட்டால், ஆம்புலன்ஸில் நோயாளிக்குப் பக்கத்தில் இருக்கும் உதவியாளர் தன் போனில் 'வந்துகொண்டிருக்கிறோம்' என்று அமுக்க வேண்டும். இன்னொரு கால் மணி கிடைக்கும். அமுக்கவில்லையா, கடிகாரம் துண்டைத் தூக்கிக் கடாசிவிட்டு, வரிசையில் அடுத்து இருப்பவருக்குப் படுக்கையைக் கொடுத்துவிடும். பதிவை யார் திறந்து வைத்திருந்தாலும் கடிகாரம் சட்டை செய்யாது. சாப்பிடப் போனவனுக்காக ஒரு படுக்கை காலியாகக் கிடக்கக் கூடாது அல்லவா? அதற்காகவே கடிகாரத்துக்கு மட்டும் பூட்டிலிருந்து விலக்குக் கொடுத்திருந்தான்.

ஆபீஸிலிருந்து யாரும் கெடுவை நீட்டக் கூடாது என்பதிலும் அவன் பிடிவாதமாக இருந்தான். நீட்டும் வசதி அவன் ஒருவனிடம் மட்டுமே இருந்தது, அதுவும் கோளாறு ஏற்பட்டால் சரிசெய்வதற்காக. பெரிய இடத்திலிருந்து போன் வரும், நம்ம ஆள் ஒருத்தர், கொஞ்சம் பாத்துக்குங்க என்று. முடியாதுங்க என்று இவன் மரியாதையாகச் சொல்லிவிடுவான். மேலதிகாரி கூப்பிட்டு வாங்கு வாங்கென்று வாங்குவார். கேட்டுக்கொண்டு வந்து உட்காருவான்.

அவனுடைய அப்பா பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மகன் இந்த ஏற்பாட்டை விளக்கிச் சொன்ன அன்று அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "நான் காலம்பூரா கேட்ட கேள்விடா இது. துண்டுக்கு டிக்கெட் வாங்கினியான்னு," என்றார். அன்றிலிருந்து தெருவில் பார்க்கிறவர்களிடமெல்லாம், என் மகன் ஆஸ்பத்திரிக்குக் கண்டக்டர் என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். மனைவி போன பிறகு மகள் வீட்டோடுதான் இருந்தார் என்றாலும் வாயெல்லாம் மகன் பேச்சுதான். சோறு போடுறது நான், பேரு மட்டும் அண்ணனுக்கா என்று தங்கை வம்புக்கு இழுப்பாள்.

அந்தத் தங்கைதான் அன்று மத்தியானம் போன் செய்தாள். அப்பாவுக்கு மூச்சு வாங்குகிறது, பக்கத்து கிளினிக்குக்குக் கூட்டி வந்தேன், இங்கே தாங்காது, மூச்சுக் கருவி உள்ள படுக்கை வேண்டும் என்று டாக்டர் சொல்கிறார் என்றாள். அவள் குரல் தெளிவாகத்தான் இருந்தது. இவன்தான் ஒரே கேள்வியை இரண்டு தடவை கேட்டான். நகரத்தில் அப்படி ஒரே ஒரு படுக்கைதான் காலியாக இருந்தது, பெரிய ஆஸ்பத்திரியில். கிளினிக் டாக்டர் முறைப்படி துண்டு போட்டுவிட்டார். ஆம்புலன்ஸும் கிளம்பிவிட்டது.

இவன் ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கலாம். ஓடவில்லை. தன் இருக்கையில் உட்கார்ந்து அந்தப் படுக்கையின் பதிவைத் திறந்தான். கோளாறுகளைச் சரிசெய்கிறவன் ஆயிற்றே, நாள் முழுக்க 'திருத்த' என்ற பொத்தானிலேயே பழகிய விரல். அன்றும் அங்கேதான் போய் அமுக்கியது. அப்பாவின் பெயரும் வயதும் திரையில் வந்தன. பக்கத்தில் கெடு ஓடிக்கொண்டிருந்தது. கீழே, வரிசையில் அடுத்து ஒரு பெண்ணின் பெயர் இருந்தது. முப்பது வயதுகூட இல்லை.

மறுபடி போன் வந்தது. இந்த முறை தங்கையின் குரல் உடைந்திருந்தது.

"அண்ணா, பாலத்து மேல ஒரு லாரி கவுந்து கெடக்கு. வண்டி நகரவே மாட்டேங்குது. பெட்டு இருக்குமில்ல?"

"இருக்கும். நான் பாத்துக்கிட்டேதான் இருக்கேன். பக்கத்துல இருக்கிறவர் பட்டன அமுக்குவாரு. நீ அப்பா கையப் புடிச்சுக்கோ."

சொல்லிவிட்டானே ஒழிய, கண் கெடுவை விட்டு அகலவில்லை. தானே நீட்டிவிட்டால் என்ன? எண்ணை மாற்றுவது அரை நிமிட வேலை. யாருக்கும் தெரியப் போவதில்லை. எத்தனை பேரிடம் முடியாதுங்க, முடியாதுங்க என்று சொல்லியிருக்கிறோம், நம் அப்பா என்றதும் முடிந்துவிடுமா என்று ஒரு பக்கம் மனது இடித்தது. அந்தப் பெண்ணுக்கும் வீட்டில் ஆட்கள் இருப்பார்களே என்று இன்னொரு பக்கம். எண்ணின் மேல் வைத்த விரலை எடுத்துவிட்டான். எடுத்ததில் ஒரு நிம்மதிகூட வந்தது, பாவி மனிதனுக்கு.

அப்போதுதான் மணி அடித்தது. 'இந்தப் பதிவுக்காக ஒருவர் காத்திருக்கிறார்.'

அந்தப் பெண்ணுக்காகக் கேட்கிற மேசைக்காரன்தான் என்று இவன் நினைத்தான். வேறு யாராக இருக்கும்? பிணம் தின்னிகள், அதற்குள் என்ன அவசரம் என்று வாய்க்குள் திட்டினான். மூட வேண்டும். மூடியிருக்க வேண்டும். ஆனால் மூடிய அடுத்த நொடி எவனாவது உள்ளே புகுந்து அப்பாவின் பெயரைத் தூக்கிவிட்டால்? நான் ஒன்றையும் திருத்தவில்லையே, சும்மா திறந்துதானே வைத்திருக்கிறேன், இதில் என்ன தப்பு என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். கெடுவை நீட்டாத நேர்மைக்கு இந்தச் சின்னச் சலுகை கூடாதா என்று தோன்றியது. மணி மறுபடி அடித்தது. சத்தத்தை நிறுத்திவிட்டு உட்கார்ந்தான்.

கெடு குறைந்துகொண்டே வந்தது. அந்த உதவியாளன் ஏன் இன்னும் அமுக்கவில்லை? தூங்குகிறானா? தங்கைக்குப் போன் போட்டான். அவள் எடுக்கவில்லை, ஒரு கையில் அப்பாவும் மறு கையில் ஆக்சிஜன் குழாயுமாக இருந்தவள் எப்படி எடுப்பாள்! அமுக்குடா, அமுக்குடா என்று திரையைப் பார்த்து வாய்விட்டே சொன்னான். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

கெடு முடிந்தது. அப்பாவின் பெயர் இருந்த இடத்தில் அந்தப் பெண்ணின் பெயர் வந்து உட்கார்ந்தது. கூடவே, காத்திருந்து ஏமாந்தவர் யார் என்ற விவரத்தையும் திரை காட்டியது. காத்திருந்தது மேசைக்காரன் இல்லை. ஆம்புலன்ஸ். 'வந்துகொண்டிருக்கிறோம்' என்று மூன்று தடவை அமுக்கியிருந்தான் அந்த உதவியாளன். கெடுவை நீட்டுவதும் ஒரு திருத்தம்தானே? பதிவு வேறொருவர் கையில் திறந்திருக்கும்போது அது எப்படி உள்ளே போகும்? இது இவனுக்குத் தெரியாததா! இதைக் கட்டியதே இவன். அப்பாவின் பெயரை வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்த அந்தக் கொஞ்ச நேரம், படித்தது, கட்டியது, ஊருக்கெல்லாம் கத்தியது எதுவுமே அவன் மண்டையில் இல்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் இடமில்லை என்றானதும் வண்டியை வேறு வழியாகத் திருப்பி, நகரத்தின் மறுகோடியில் இருந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே வாசலில் இறக்கும்போது அப்பா இல்லை. அங்கே இங்கே என்று விசாரித்து இவன் போய்ச் சேர்ந்தபோது, ஒரு நீளமான நடையின் ஓரத்தில், தலைவரை வெள்ளைத் துணி போர்த்தி ஸ்ட்ரெச்சரிலேயே வைத்திருந்தார்கள். காலில் செருப்பு இல்லை. எங்கேயோ விழுந்திருக்கும் போலும். இவன் அந்தப் பாதங்களைப் பிடித்துக்கொண்டு, அடக்க மாட்டாமல் அழுதான்.

தங்கை அழவில்லை. அவள் ஆம்புலன்ஸ் உதவியாளனைப் பிடித்துக்கொண்டிருந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும் அவனுக்கு. சட்டையெல்லாம் வியர்வை. ஒரு பட்டனை அமுக்க உனக்கு என்ன கேடு, எங்கப்பா உயிரை வைத்து விளையாடினாயா, உன் வேலைக்கு உலை வைக்காமல் விட மாட்டேன் என்று அவள் பொரிந்து தள்ளிக்கொண்டிருந்தாள். அவன் தன் போனை அவளிடம் நீட்டினான்.

"அமுக்கினேங்க்கா. மூணு தடவ அமுக்கினேன். யாரோ அந்தப் பதிவைத் தொறந்து வச்சிருந்தாங்க, ஏத்துக்கவே இல்ல."

தங்கை போனை வாங்கிப் பார்த்தாள். அதில் இருந்தது அவளுக்குப் புரிந்ததோ இல்லையோ, கோபம் அவனை விட்டு அந்த யாரோ மேல் பாய்ந்தது. திரும்பி அண்ணனைப் பார்த்தாள்.

"அண்ணா, எவன் தொறந்து வச்சிருந்தான்னு உனக்குக் கண்டுபிடிக்கத் தெரியுமில்ல? கண்டுபிடி. அவன் நல்லா இருப்பானா? அவன் குடும்பம் வெளங்குமா?"

சொல்லாமல் விட்டுவிடலாம். யாரென்று தெரியவில்லை என்று ஒரு வார்த்தை போதும். தேடிப் பார்க்கிறேன் என்று சொன்னாலும் நாள்பட்டு மறந்துபோகும். உதவியாளனும் தப்பித்துக்கொள்வான். நாளைக்கு வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம், எங்கண்ணன் கடைசிவரை இடத்தை விடாமல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான் என்று இவள் சொல்லிச் சொல்லி அழுவாள். இத்தனையும் அவனுக்குத் தோன்றியது.

"நான்தான்," என்றான்.

அவள் முகம் சட்டென்று இளகிவிட்டது. கிட்டே வந்து அவன் கண்ணைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டாள். "நீ அப்பாவுக்காகப் புடிச்சு வச்சிருந்த. அது எனக்குத் தெரியாதா? நான் கேக்கிறது அதைக் கெடுத்தவன."

உதவியாளனுக்குப் புரிந்துவிட்டது. அவன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

இவன் தங்கையை ஸ்ட்ரெச்சருக்குப் பக்கத்தில் கிடந்த பெஞ்சில் உட்கார வைத்தான். பொறுமையாக, விட்டு விட்டு, முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னான். பொத்தான் இரண்டு என்றான். தான் எதை அமுக்கினோம் என்றான். மணி அடித்தது என்றான். யாரென்று நினைத்தேன் என்றான். சத்தத்தை நிறுத்தினேன் என்பதையும் விடவில்லை. அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். துணியின் ஒரு பக்கம் நழுவியிருந்ததை எழுந்து போய்ச் சரிசெய்துவிட்டு, அங்கேயே நின்றபடி கேட்டாள்.

"அப்போ நீ ஒண்ணுமே பண்ணாம சும்மா இருந்திருந்தா?"

"பெட்டு கெடச்சிருக்கும்."

அவள் அப்பாவின் தலைமாட்டிலேயே நின்றாள். பெஞ்சுக்குத் திரும்பி வரவில்லை.