இடது பக்கம் தேய்ந்த டயர்

கழற்றிப் போட்ட பழைய டயரை ஓரமாக உருட்டி வைக்கப் போன சென்னிமலை பாதி வழியில் நின்றுவிட்டார். டயரின் இடது பக்கம் மட்டும் மொட்டையாக இருந்தது.

நெருப்பெரிச்சல் என்ற ஊரில் பனியன் கம்பெனிகளுக்கு நடுவே அவருடைய டூ வீலர் ஒர்க்‌ஷாப் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் வரைக்கும்தான் கடை. அன்றைக்குக் காலையில் முதல் ஆளாக வந்தவன் முனீஸ். சாத்தான்குளம் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, பக்கத்துக் கம்பெனியில் பவர் டேபிளில் தைக்கிறவன். பெண்சாதி நதியாவும் அதே கம்பெனியில் செக்கிங்கில் இருந்தாள். நாலு வயது மகள் ஜோதிகாவையும் கூட்டிக்கொண்டு மூன்று பேருமாக அமராவதி அணைக்குக் கிளம்பியிருந்தார்கள். முதலைப் பண்ணையைப் பார்க்க வேண்டுமென்று பிள்ளை ஒரு மாதமாக நச்சரித்துக்கொண்டிருந்தாளாம். பின் டயரில் நூல் தெரிவதைப் பார்த்த நதியா, இதை மாற்றினால்தான் ஏறுவேன் என்று சொல்லிவிட்டாளாம். அதனால்தான் வந்தோம் என்று முனீஸ் சிரித்துக்கொண்டே சொன்னான்.

அவசர வேலை. நதியா கையில் சாப்பாட்டுப் பையோடு வெயில் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். புது டயரைப் போட்டுச் சக்கரத்தை மாட்டியபோது அது நடுவில் உட்காரவில்லை. வலது பக்கம் இரண்டு விரல் போகும் இடைவெளி இருந்தது, இடது பக்கம் ஒரு விரல்கூட நுழையவில்லை. செயினை இழுத்துக் கட்டுவதற்கு இரண்டு பக்கமும் கோடுகள் இருக்கும். இரண்டும் ஒரே கோட்டில் நின்றால் சக்கரமும் நேராக நிற்கும். அன்றைக்குக் கோடுகள் சமமாகத்தான் நின்றன, ஆனாலும் சக்கரம் சாய்ந்திருந்தது. ஏன் என்று ஒரு நிமிடம் யோசித்தார். அதற்குள் முனீஸ், முடிந்ததா அண்ணாச்சி என்று கேட்டுவிட்டான். சென்னிமலை வலது பக்கத்தை மட்டும் இரண்டு கோடு கூடுதலாக இழுத்துக் கண்ணுக்கு நேராக்கி, நட்டை முறுக்கி, போய்ட்டு வாங்க என்று அனுப்பிவிட்டார். அப்போது மணி ஒன்பது.

இப்போது ஒன்பதே முக்கால்.

டயரை மடியில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். காற்றுக் குறைந்து ஓடியிருந்தால் இரண்டு ஓரமும் தேயும். காற்று அதிகமாக இருந்தால் நடுப்பகுதி தேயும். இது இரண்டுமில்லை. பாரத்தை ஒரே பக்கம் தொங்கவிட்டு ஓட்டினானோ என்று பார்த்தால், முனீஸ் பனியன் பீஸ் கட்டுகளைச் சீட்டின் நடுவில்தான் கட்டிக்கொண்டு போவான். அதை அவரே தினமும் பார்க்கிறார். ரோட்டின் சரிவு என்றால் ஊரிலிருக்கும் எல்லா வண்டிக்கும் இப்படி ஆகியிருக்க வேண்டும்.

உள்ளங்கையை டயரின் மேல் வைத்துக் குறுக்காக வலது பக்கம் தடவினார். வழுக்கியது. இடது பக்கம் தடவினார். ரம்பப் பல்லைப்போல் கையைக் கீறியது. அப்படியென்றால் சக்கரம் நேராக உருளாமல், ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் பக்கவாட்டில் இழுபட்டுக்கொண்டே ஓடியிருக்கிறது. தேய்ந்த இடம் புதுக் கறுப்பாகவும், தேயாத பக்கம் பழைய சாம்பல் நிறத்திலும் இருந்தது. ஆகவே இது வருஷக்கணக்கில் வந்த தேய்மானமல்ல. மிஞ்சிப் போனால் ஒரு மாதம். டயரைத் திருப்பினார். இடது பக்கச் சுவரில் விரல் அகலத்துக்கு ஒரு பளபளப்பு வட்டமாக ஓடியது. இரும்பில் உரசிய அடையாளம்.

இதே மாதிரி ஒரு டயரை அவர் முன்பு பார்த்திருக்கிறார். சோமனூரில் தொழில் பழகிய காலத்தில், டெம்போவில் ஏற்றிவந்து இறக்கிய வண்டி ஒன்று. பின் சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டிருக்கும் சுவிங் ஆர்ம் என்ற இரும்புக் கை, ஓடிக்கொண்டிருக்கும்போதே இடது பக்கம் முறிந்துபோயிருந்தது. அந்த வண்டியின் டயரிலும் இதே மொட்டை, இதே பளபளப்பு. ஓட்டியவரை அவர் பார்க்கவில்லை. வண்டியின் சீட்டை மட்டும் கழுவச் சொன்னார்கள்.

முனீஸின் வண்டியில் அந்தக் கை செயின் கவருக்குள் மறைந்திருக்கும். கவரைக் கழற்றினால் ஒழிய விரிசல் கண்ணில் படாது. ஒரு மாதத்துக்கு முன்னால், சாக்கடைக்குத் தோண்டிப்போட்ட குழியில் இரண்டு கட்டு பாரத்தோடு வண்டியை இறக்கிவிட்டதாக முனீஸ் சொன்னதும் இப்போதுதான் நினைவுக்கு வந்தது. வண்டி காலையில் வாய்விட்டுச் சொன்னதை, கோட்டை இழுத்து அவரே மூடிவிட்டிருக்கிறார். மூடி, மூன்று உயிர்களை அதில் ஏற்றி அனுப்பியும் விட்டார்.

செல்போன் எல்லார் கைக்கும் வந்துசேராத 2005-ஆம் வருஷம் அது. முனீஸிடம் கிடையாது. நதியாவுக்குப் போன் வந்தால் கம்பெனி ஆபீசுக்குத்தான் வரும், அதுவும் ஞாயிற்றுக்கிழமை பூட்டிக் கிடந்தது. சென்னிமலையின் சொந்த வண்டி எஞ்சின் பிரித்துப் போட்டபடி இருந்தது. ஆயில் மாற்ற மளிகைக்கடைக்காரர் விட்டுப்போன வண்டி ஒன்றுதான் ஓடும் நிலையில் இருந்தது. யாரையும் கேட்கவில்லை. ஷட்டரை இழுத்துவிட்டு, தூசிக்காகத் துண்டை முகத்தில் கட்டிக்கொண்டு அதை எடுத்தார்.

பின்னால் ஒருத்தியும் முன்னால் பிள்ளையுமாக முனீஸ் நாற்பதுக்கு மேல் போக மாட்டான். இந்நேரம் பல்லடத்தைத் தாண்டியிருப்பான். இந்தக் கணக்கையே திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டு டவுனைக் கடந்தார். கணக்கு ஒருபக்கம் ஓட, சோமனூரில் கழுவிய சீட்டும் கூடவே வந்தது. அந்தப் பிள்ளை டேங்கின் மேல் உட்கார்ந்திருந்தது. வண்டி சரிந்தால் முதலில் போய் விழுவது அதுதான்.

பல்லடத்துக்கு இரண்டு மைல் முன்னால் ரோடு அடைத்துக்கொண்டு கூட்டம் நின்றது. ஒரு மோட்டார் சைக்கிள் மண்ணில் சாய்ந்து கிடந்தது. தாரின் மேல் நீளமாக வெள்ளைத் துணி போர்த்தியிருந்ததைப் பார்த்தார். ஓட்டிக்கொண்டிருந்த கை தானாகக் கிளட்சைப் பிடித்தது. பக்கத்தில் நின்ற ஒருவரிடம் என்ன ஆச்சுங்க என்று கேட்டபோது அவருக்கே தன் குரல் கேட்கவில்லை.

டெம்போவிலிருந்து பனியன் துணி ரோல்கள் அவிழ்ந்து விழுந்துவிட்டன என்று அந்த ஆள் சொன்னார். சாய்ந்து கிடந்த வண்டியின் சொந்தக்காரரும் ரோலைச் சுற்றும் ஆட்களோடு சேர்ந்து சுற்றிக்கொண்டிருந்தார். சென்னிமலை துணியின் ஓரமாக வண்டியைத் தள்ளிக்கொண்டு போய், அந்தப்புறம் ஏறி உட்கார்ந்தார்.

பல்லடத்தைத் தாண்டி உடுமலை ரோட்டில் விழுந்ததும் காற்று ஆரம்பித்தது. இரண்டு பக்கமும் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன. வெட்டவெளியில் பக்கவாட்டில் வீசும் காற்று நல்ல வண்டியையே தள்ளும். அவர் எண்பதில் போனார். எதிரே வரும் ஒவ்வொரு பஸ் டிரைவரின் முகத்தையும் பார்த்தார், வழியில் எதையாவது கண்டுவிட்டு வருகிறவரின் முகமாக இருக்குமோ என்று.

குடிமங்கலத்துக்கு முன்னால் ஒரு நேர் ரோட்டில் அவர்களைப் பார்த்தார். வழியில் டீக்கடையில் கொஞ்ச நேரம் நின்றிருக்க வேண்டும். நதியாவின் பச்சைச் சேலை காற்றில் படபடத்தது. உயிரோடு இருக்கிறார்கள் என்ற நிம்மதி ஒரு மூச்சுக்குக்கூட நிற்கவில்லை. கிட்டே போகப் போகப் பின் சக்கரம் கண்ணில் பட்டது. புது டயரின் ரப்பர் முடிகள்கூட உதிராத அந்தச் சக்கரம், ரோட்டில் ஒட்டுப்போட்ட இடம் வரும்போதெல்லாம் இடது பக்கம் ஒரு நெளி நெளிந்து, கொஞ்சம் கழித்துத்தான் திரும்பியது.

ஹாரனில் வைத்த கட்டை விரலை எடுத்துவிட்டார். ஹாரன் அடித்தால் முனீஸ் திடுக்கிட்டுப் பின் பிரேக்கை மிதிப்பான். அந்த மிதியின் வேகம் முழுவதும் போய் நிற்பது விரிசல் விட்ட அந்த இரும்புக் கையில்தான். முன்னால் போய் மறித்தாலும் மிதிப்பான். கத்திக் கூப்பிட்டாலும் மிதிப்பான். இவ்வளவு தூரம் விரட்டி வந்தவருக்கு எப்படி நிறுத்துவது என்று தெரியவில்லை.

மெதுவாகப் பக்கத்தில் சேரலாம் என்று நெருங்கினார். ஒரு பக்கமாக உட்கார்ந்திருந்த நதியா தற்செயலாகத் திரும்பினாள். முகத்தில் துண்டு கட்டிய ஒருவன் தங்களையே பார்த்தபடி நெருங்கி வருவதைக் கண்டாள். ஆளில்லாத ரோடு. அவள் கை கழுத்துத் தாலியை இறுக்கிப் பிடித்தது. முனீஸின் காதில் குனிந்து என்னவோ சொன்னாள். வண்டி விருட்டென்று வேகமெடுத்தது.

சக்கரம் இப்போது நெளியவில்லை, உதறியது. தன்னைக் கண்டு பயந்துதான் அவர்கள் சாவை நோக்கி ஓடுகிறார்கள் என்பது சென்னிமலைக்குப் புரிந்தது. ஆக்சிலேட்டரை விட்டுவிட்டார். ஐம்பதடி, நூறடி என்று இடைவெளி விழவிட்டார். பிறகு துண்டை உருவி எறிந்தார். காற்றில் கண்ணீர் வழிய, முகம் தெரியும்படி தலையை நிமிர்த்திக்கொண்டு, தன்பாட்டுக்கு எங்கேயோ போகிறவனைப்போல ரோட்டின் வலது ஓரமாக மறுபடி நெருங்கினார். நதியா திரும்பிப் பார்த்தாள். இரண்டாம் முறை பார்த்தபோது அவள் புருவம் சுருங்கியது. அடையாளம் தெரிந்துவிட்டது. முனீஸின் தோளைத் தட்டினாள். வேகம் கொஞ்சம் குறைந்தது.

பக்கத்துக்குப் பக்கம் வந்துவிட்டார். உள்ளே எல்லாம் அலறியது. வாயில் மட்டும் நிதானத்தை வரவழைத்துக்கொண்டார்.

"முனீசு, நாஞ் சொல்றத மட்டும் கேளுங்க. பிரேக்க மிதிக்காதீங்க. ஆக்சிலேட்டர மெல்ல விடுங்க. அது தானா நிக்கட்டும்."

முனீஸின் கால் பிரேக்கின் மேல் போய்விட்டிருந்தது. கால் விரல்கள் அந்தரத்தில் நிற்பதைச் சென்னிமலை பார்த்தார். பின்னால் ஒரு பஸ் ஹாரனை அமுக்கியபடி வந்தது. சென்னிமலை ஒதுங்கவில்லை. பஸ் அவரை உரசுகிற மாதிரி கடந்து, புழுதியை வாரிக் கொட்டிவிட்டுப் போனது. அந்தக் காற்றில் முனீஸின் வண்டி ஒருமுறை ஆடியது. நதியா அவன் முதுகோடு முகத்தை ஒட்டிக்கொண்டாள். கால் பிரேக்கிலிருந்து விலகியது. முப்பது, இருபது, பத்து. ஒரு வேப்பமரத்தடியில் வண்டி மூச்சு முட்டியதைப்போல உதறி நின்றது. சென்னிமலை தன் வண்டியை அப்படியே சாயவிட்டுவிட்டு ஓடி, டேங்கின் மேலிருந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டார். முதலை இங்கேயா இருக்கிறது என்று ஜோதிகா கேட்டாள்.

இடுப்பில் செருகி வந்த ஸ்குரூ டிரைவரால் செயின் கவரின் திருகுகளைக் கழற்றினார். கவரை எடுத்ததும் முனீஸும் குனிந்து பார்த்தான். இரும்புக் கையைச் சுற்றித் துருப்பிடித்த ஒரு விரிசல் ஓடியது. துரு இல்லாமல் வெள்ளையாக மின்னிய பகுதி காலைக்குப் பிறகு விரிந்ததாக இருக்க வேண்டும். கீழ்ப்பக்கம் ஒரு நகத்தின் அகலம்தான் மிச்சம். வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் போட்டுவிட்டு, சென்னிமலை சக்கரத்தை முழங்காலால் லேசாக ஒரு தள்ளுத் தள்ளினார். டப் என்று ஒரு சத்தம். இரும்புக் கை இரண்டாகி, சக்கரம் ஒருபக்கமாகத் தொங்கியது.

முனீஸ் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டான். பிறகு சென்னிமலையின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, நீங்க எங்க குலசாமி மாதிரி அண்ணாச்சி என்று சொல்லி அழுதான்.

அவர் தன் கைகளை விடுவித்துக்கொண்டார். அந்தப் பேரை அப்படியே வாங்கி வைத்துக்கொண்டிருந்தால் காலையில் நடந்தது யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் நதியா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் அப்படியெல்லாம் இல்லீங்க," என்றார். "காலைலயே சக்கரம் ஒரு பக்கமா நிக்கறதப் பாத்தனுங்க. என்னன்னு பாக்காம இழுத்துக் கட்டி அனுப்பிச்சுட்டேன்."

"காலையிலேயே தெரியுமா ஒங்களுக்கு?" என்று நதியா கேட்டாள்.

"முறிஞ்சிருக்கும்னு தெரியாதுங்க அம்மிணி. சரியில்லைன்னு தெரியும்."

"சொல்லியிருந்தா பஸ்சுல போயிருப்போம்லா."

அவ்வளவுதான் சொன்னாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு ஆமாங்க என்றார். அவள் மகளை வாங்கிக்கொண்டு மரத்துக்கு அந்தப்பக்கம் போய் நின்றாள். பிள்ளையின் தலை, கை, கால் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள், எங்கேயும் அடிபடாத பிள்ளையை.

அணைக்குப் போவதா திரும்புவதா என்று முனீஸுக்குத் தெரியவில்லை. நதியாதான், போவோம், பிள்ளை கேட்டுக்கிட்டே இருக்கு என்றாள். உடுமலை பஸ் வந்தபோது கை காட்டி நிறுத்தினார்கள். முனீஸ் சாவியைச் சென்னிமலையிடம் கொடுத்து, நாளைக்கு வாரேன் என்றான். நதியா படியேறும்போது நின்று, நீங்களும் பாத்துப் போங்க என்று சொன்னாள். கோபம் தீர்ந்துதான் சொன்னாளா என்று அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை.

முனீஸின் வண்டியைக் கடைக்கு ஏற்றிப் போக அந்த வழியாக வந்த ஒரு டெம்போ ஒத்துக்கொண்டது. டிரைவரும் அவருமாகத் தூக்கி ஏற்றிக் கயிறு போட்டார்கள். டெம்போ போனபிறகு, சாய்ந்து கிடந்த மளிகைக்கடைக்காரரின் வண்டியை நிமிர்த்தினார். கிக்கரில் காலை வைத்தார். உதைக்க முடியவில்லை. பயம் இப்போதுதான் முழுசாக வந்து சேர்ந்த மாதிரி இருந்தது. காலை எடுத்துவிட்டு, பின் சக்கரத்தின் அருகில் மண்டியிட்டு, வலது பக்கம் இரண்டு விரலை விட்டுப் பார்த்தார். பிறகு இடது பக்கம். சமமாகத்தான் இருந்தது. எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார். திரும்பவும் மண்டியிட்டு இன்னொரு தடவை பார்த்தார்.