கிள்ளை பக்கிரி ஏறிய ராக்கெட்

நெய்வேலி புத்தகக் கண்காட்சியில் அந்தப் புத்தகத்தைப் பார்த்ததும் சத்யப்பிரியா போட்ட சத்தத்தில், யாருடைய பர்ஸையோ அடித்துவிட்டார்கள் என்று பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். 'சனிக்கோளில் சந்திரகலா'! பதினோரு வயதில் வார இதழில் தொடராகப் படித்த விண்வெளிக் கதை. எத்தனை பழைய புத்தகக் கடை ஏறி இறங்கியிருப்பாள்! இப்போது புது அட்டை போட்டுக்கொண்டு, ஒன்றும் நடக்காத மாதிரி அங்கே உட்கார்ந்திருந்தது.

கடலூரில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் அவள் இயற்பியல் டீச்சர். ஏன் இந்தப் பாடம் எடுத்தீர்கள் என்று எந்தப் பிள்ளை கேட்டாலும் இந்தக் கதையைத்தான் சொல்வாள். சும்மாவா பின்னே? ராக்கெட் தலைகீழாக விழும்போது கேப்டன் மோகன்ராம் மயங்கிவிடுவார், டாக்டர் சந்திரகலா ஸ்டியரிங்கைப் பிடித்து இறக்குவாள். அவளுக்குத் துணையாக நிற்பவன் சமையல்காரன் பக்கிரி. அவனுக்குச் சொந்த ஊர் சிதம்பரம் பக்கத்துக் கடலோர ஊரான கிள்ளை. சத்யப்பிரியாவுக்கும் கிள்ளைதான். நம்ம ஊர்க்காரன் சனிக்கோள் வரைக்கும் போயிருக்கிறான் என்றால் தலைகால் புரியுமா?

அவள் அப்பா சாமிக்கண்ணு அப்போது மீன் இறங்குதுறையில் ஐஸ் பெட்டி தூக்கிக்கொண்டிருந்தார். சிங்காரம் சலூனுக்கு வரும் பத்திரிகையைப் பழசானதும் கேட்டு வாங்கி வந்து மகளிடம் கொடுப்பார். சில வாரம் வெறும் கையோடு வருவார். "இந்த வாரம் புஸ்தகம் வரலம்மா. சிங்காரம் எங்கியோ கேட்டுகினு வந்து கதைய சொன்னான், நான் சொல்றேன் கேளு" என்பார். அவள் வாயைப் பிளந்துகொண்டு கேட்பாள்.

கடலூர் மஞ்சக்குப்பத்து வீட்டுக்கு வந்ததும் சோறு வைப்பதைக்கூட மறந்து படிக்க உட்கார்ந்தாள். முதல் அத்தியாயம் அப்படியே இருந்தது. சனிக்கோளின் வளையத்தை முதன்முதலில் பார்க்கும் இடத்தில் இப்போதும் உடம்பு சிலிர்த்தது. என்னமாய் எழுதியிருக்கிறார் மனுஷன்!

மூன்றாவது அத்தியாயத்தில் சந்திரகலா காபி போட்டாள். சரி, போடட்டும். ஐந்தாவதில் கேப்டனின் சட்டைக்குப் பொத்தான் தைத்தாள். ஏழாவதில் ஒரு வால்நட்சத்திரம் வந்தது. இரண்டு டாக்டர் பட்டம் வாங்கிய அந்த அம்மாள் வீல் என்று கத்திக்கொண்டு கேப்டன் மார்பில் போய் ஒட்டிக்கொண்டாள். சத்யப்பிரியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதற்கா இவளை அத்தனை கோடி மைல் கூட்டிப் போனார்கள்!

பிறகு பக்கிரி வந்தான். சிரிப்பு நின்றுவிட்டது. 'மீன் வாடை வீசும் கரிய உருவம்' என்று எழுதியிருந்தது. சந்திரகலா கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். கேப்டன் அவனை "அடேய்" என்றே கூப்பிட்டார், அவன் "எசமான்" என்று பல்லிளித்தான். கடைசியில் தொடக்கூடாத விசையைத் தொட்டு, கதவு திறந்து, விண்வெளியில் போய் விழுந்து செத்தான். "போகட்டும், இனி காபிக்கு நீதான்" என்றார் கேப்டன். சந்திரகலா நாணித் தலைகுனிந்தாள். முற்றும்.

மயக்கம் எங்கே? ஸ்டியரிங் எங்கே? முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தாள். பதிப்பகத்துக்கே போன் போட்டு, "நல்ல நல்ல இடத்தையெல்லாம் வெட்டிட்டீங்களே, நியாயமா சார்?" என்று சண்டை பிடித்தாள். "பத்திரிகைல வந்தது அப்படியே இருக்கு மேடம், ஒரு வரியக்கூட தொடல" என்று அந்தப் பக்கத்தில் சத்தியம் செய்தார்கள்.

அவள் மகள் வெண்மதிக்குப் பதின்மூன்று வயது. ஒரே மூச்சில் படித்துவிட்டு, "இதாம்மா உன் ஃபேவரிட்டு?" என்றாள். அது போதாதென்று, "அந்த பக்கிரிய ஓட்டறதெல்லாம் நம்ம தாத்தாவ ஓட்டற மாதிரியே இருக்கு" என்றாள். சத்யப்பிரியாவுக்குச் சுருக்கென்று தைத்தது. ஏனென்றால், புத்தகம் கிடைத்ததை அன்றைக்கே அப்பாவுக்குப் போனில் சொல்லித் தொலைத்திருந்தாள். "எடுத்துகினு வா, மதி படிக்கட்டும், பக்கிரி கதைய ஒரு தபா கேக்கறேன்" என்று அவர் பிள்ளை மாதிரி குதித்திருந்தார். இத்தனை வருஷமும் பக்கிரி நம்ம ஆள் என்று நினைத்திருக்கும் மனுஷன் காதில் இதைப் போய் எப்படிப் படிப்பது?

ஞாயிற்றுக்கிழமை புத்தகத்தை வேண்டுமென்றே அலமாரியில் வைத்துப் பூட்டாத குறையாக மூடிவிட்டு வெண்மதியோடு பஸ் ஏறினாள். சிதம்பரத்தில் தம்பி சிலம்பரசன் வீட்டில்தான் அப்பா இருக்கிறார். மறந்து வைத்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம் என்பது கணக்கு. சாப்பாடு முடிந்து, பிளாஸ்டிக் நாற்காலியை ஃபேனுக்கு அடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு, "எங்க புஸ்தகம்?" என்றார் சாமிக்கண்ணு. "மறந்து..." என்று சத்யப்பிரியா ஆரம்பிப்பதற்குள் வெண்மதி தன் பையிலிருந்து அதை உருவினாள். அம்மா மறந்துவிட்டாளே என்று எடுத்து வந்தாளாம். என்ன பொறுப்பு பாருங்கள்!

வளையம் வரைக்கும் நன்றாகத்தான் போனது. அப்பா கண்ணை மூடிக் கேட்டார். பக்கிரி வந்த இடத்தில் வெண்மதி தடுமாறினாள். கேப்டன் அவனைப் பார்த்து, "கிள்ளைக்காரனுக்கு..." என்பது வரை படித்தவள், அம்மாவைப் பார்த்து நிறுத்திவிட்டாள்.

"ஏன் நிறுத்திட்ட?" என்றார் அப்பா, கண்ணைத் திறக்காமல். "'மீன் தலையில இருக்கற மூள கூட கிடையாது.' அதான அடுத்தது?"

சத்யப்பிரியா அப்பா பக்கம் திரும்பினாள். "யப்பா, உனக்கு எப்டி தெரியும்?"

"சிங்காரம் சவரம் பண்ணிகினே சத்தம் போட்டுப் படிப்பான். கடையே சிரிக்கும். கொஞ்ச நாளு என்னயே பக்கிரி, பக்கிரின்னு கூப்ட்டானுங்க. போங்கடான்னு உட்டுட்டேன்."

"அந்த வாரமெல்லாம் புஸ்தகமே வரலன்னு சொன்னியே!"

"வந்துச்சி. நான்தான் ஊட்டுக்குக் கொண்டாரல. நீ அதப் படிச்சிட்டு தலைய தூக்கி என்னயப் பாப்ப. அந்தப் பார்வைய நான் எங்க கொண்டும்போய் வச்சிக்கறது?"

வெண்மதி புத்தகத்தை மடியில் கவிழ்த்து வைத்தாள்.

"பேசாம கதையவே நிறுத்தியிருக்கலாமேப்பா" என்றாள் சத்யப்பிரியா.

"நிறுத்திப் பாத்தேன். நீ வாசப்படியிலயே குந்திகினு இருப்ப, ராக்கெட் என்னாச்சி, ராக்கெட் என்னாச்சின்னு. வெறுங்கையோட எப்டிம்மா வர்றது? ஐஸ் பொட்டி தூக்கிகினே யோசிப்பேன். வாய்க்கு வந்தத சொல்லுவேன்."

"அப்ப சந்திரகலா ராக்கெட் ஓட்டுனது?"

"அதுவா?" சாமிக்கண்ணு கொஞ்சம் வெட்கப்பட்டார். "நீதான அந்தக்கா எப்பப்பா ஓட்டும், எப்பப்பா ஓட்டும்னு உசுர வாங்கின. மொகத்த அழுவற மாதிரி வச்சிகினு. சரி, ஓட்டிட்டுப் போவுதுன்னு உட்டுட்டேன். அந்தாளுக்கு மயக்கம் வந்தாத்தான ஸ்டேரிங்கு கைக்கு வரும்? அதான் அவனப் படுக்க வச்சிட்டேன். யாரு வந்து கேக்கப் போறா?"

"நான் அதுக்காகத்தாம்பா பிசிக்ஸே எடுத்தேன்!" என்று கத்திவிட்டாள் சத்யப்பிரியா. சொல்லும்போதே சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்து, முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஊரெல்லாம் ஒரு எழுத்தாளருக்கு நன்றி சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறாள். எழுதியவர் இங்கே கைலியோடு வெற்றிலை மென்றுகொண்டிருக்கிறார்.

"நல்லதுதான எடுத்த?" என்றார் அவர், அழுகிற மகளைப் பார்க்கச் சங்கடப்பட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டு.

வெண்மதிக்குத்தான் ஆத்திரம் அடங்கவில்லை. "இந்த புக்க எடைக்குப் போட்டுடலாம் தாத்தா."

"சீச்சீ, அதுக்காவ? வளையத்தக் கேக்கத்தான் எடுத்துகினு வரச் சொன்னேன். அந்த வளையத்த எழுதிருக்கான் பாரு, கண்ணுக்கு முன்னாடி சுத்துது. எழுதத் தெரிஞ்ச ஆளு. கிள்ளப் பக்கம் ஒரு தபா வந்துட்டுப் போயிருக்கலாம், வரல. அவ்ளோதான். எடு, அந்த வளையத்த இன்னொரு தபா படி."

அவள் படித்தாள். சத்யப்பிரியா தரையில் உட்கார்ந்து கேட்டாள். அழகாகத்தான் இருந்தது, அதில் பொய் ஒன்றும் இல்லை. படித்து முடித்ததும் வெண்மதி கேட்டாள்: "தாத்தா, புக்ல பக்கிரி கடைசில செத்துடறான். உன் கதைல?"

"சாவல. ஊருக்குத் திரும்பிட்டான்."

"எப்டி திரும்புனான்? கதவு திறந்து வெளிய விழுந்துட்டானே?"

"விழுந்தா என்னா? எதையாவது புடிச்சிகினு ஏறி வந்துதான ஆவணும்?" என்றார் சாமிக்கண்ணு. "வாசப்படியில பொண்ணு குந்திகினு இருக்குமே."