நிலாந்தினி வீட்டுக்கு வந்த கதிரைகள்

வீட்டுத்திட்டத்துக்குப் பொறுப்பான உத்தியோகத்தர் வியாழக்கிழமை பார்க்க வருகிறார் என்ற செய்தி நிலாந்தினியின் காதுக்கு எட்டுவதற்கு முன்பே, அவளுடைய கொட்டிலுக்கு இரண்டு கதிரைகள் வந்து சேர்ந்துவிட்டன.

கொண்டுவந்தவர் பக்கத்து வளவு மரியநாயகி. இரண்டும் தேக்கங் கதிரைகள். பங்குத்தந்தை வரும் நாட்களில் மட்டும் துணி விலக்கித் துடைக்கப்படுபவை. ஒவ்வொன்றாகத் தலையில் வைத்துச் சுமந்து வந்திருந்தார்.

“கந்தோர் மனிசன் வருகுதாம் பிள்ளை. வாற ஆளை நிக்கவைச்சே கதைக்கிறது? ஆண்டவர் பொறுக்கமாட்டார்.”

“பாய் விரிச்சால் போதாதோ அக்கா?”

“பாயிலை இருந்தால் பேந்து எழும்ப அவரின்ரை முழங்கால் விடவேணுமே?”

நெடுந்தீவில் அந்தக் கல்வேலிகளுக்கு நடுவே நிலாந்தினிக்கும் டெனிஸ்ரனுக்கும் இருந்தது ஒரு தகரக் கொட்டில். கூரை தகரம், சுவர் பனையோலை, தரை மண். மழை பெய்தால் கைக்குழந்தையின் ஏணையை எந்த மூலைக்கு மாற்றுவது என்பதே அந்த வீட்டின் பெரிய ஆலோசனை. டெனிஸ்ரன் கடற்றொழில் செய்கிறவன். காணி அவனுடைய பெரியம்மா உறுதி எழுதிக் கொடுத்தது. அந்தப் பக்கத்தில் பெண்பிள்ளை கலியாணம் கட்டினால் சீதனமாக ஒரு வீடு கூட வருவது வழக்கம். நிலாந்தினியோ தாய் தகப்பன் இல்லாமல் கன்னியர் மடத்தில் வளர்ந்தவள். அவளோடு வீடு வரவில்லை.

முதன்முதலாக வீடு கட்டுகிறவர்களுக்குத்தான் இந்த முறை அரசாங்கம் உதவிப்பணம் கொடுக்கிறது. கணவன் பேரிலோ மனைவி பேரிலோ இதற்கு முன் வீடு இருந்திருக்கக் கூடாது. அப்படிக் கட்டுகிற முதல் வீட்டுக்குச் சில வருடங்களுக்கு வீட்டுவரியான சோலைவரியும் இல்லை. இவ்வளவும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. விண்ணப்பித்தவர்களில் யாரை எப்படித் தெரிவுசெய்வார்கள் என்பது மட்டும் ஒருவருக்கும் தெரியாது. தெரியாத இடத்தைப் பின்வளவுத் தம்பிஐயா தன் அறிவால் நிரப்பினார்.

“அரசாங்கம் காசு குடுக்கிறதெண்டால் ஆரைப் பாத்துக் குடுக்கும்? வீடு வாசலை ஒழுங்கா வைச்சிருக்கிற சனத்தைப் பாத்துத்தான். சீமெந்தை வாங்கி வித்துப்போட்டுப் போற ஆக்களோ, மரியாதையான ஆக்களோ எண்டு பாக்கத்தான் வருகினம்.”

நியாயமாகத்தான் இருந்தது. அதனால் முன்வளவு இரஞ்சிதம், பிரான்சிலிருந்து தம்பி அனுப்பிய தங்கக்கரைக் கோப்பைகளையும் இரண்டு பூப்போட்ட யன்னல் சீலைகளையும் கொண்டுவந்தாள். தம்பிஐயா தன் மேசையைக் கொண்டுவந்தார். திரும்பிப் போய் மின்விசிறியையும் தூக்கிவந்தார். நிலாந்தினி வீட்டுக்கு மின்சாரம் கிடையாது. அதற்கென்ன? தன் வீட்டிலிருந்து கல்வேலிக்கு மேலால் ஒரு நீள வயரை இழுத்தார்.

“கடல் காத்து ஆளைத் தூக்குது. உந்த ஃபான் என்னத்துக்கு அண்ணை?” என்று டெனிஸ்ரன் கேட்டான்.

“காத்து எல்லாருக்கும் வீசுமடா. இது வாறவருக்கு மட்டும் வீசும்.”

வியாழக்கிழமை உத்தியோகத்தர் குலசிங்கம் வந்தார். ஓய்வுபெறும் வயதை நெருங்கிய, மெலிந்த மனிதர். படகில் வந்த அலைச்சலில் முகம் வெளிறியிருந்தது. தேக்கங் கதிரையில் இருந்தார். மின்விசிறி அவருக்கு மட்டும் வீசியது. தங்கக்கரைக் கோப்பையில் இஞ்சித் தேத்தண்ணி வந்தது. பாதி குடித்ததும் முகத்தில் மனுசக்களை வந்தது. கல்வேலிக்கு அப்பால் மூன்று தலைகள் திருப்தியோடு ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.

குலசிங்கம் விண்ணப்பக் கோப்பினைத் திறந்தார். எழுதிக்கொண்டே வாய்விட்டுச் சொல்லுவது அவருடைய பழக்கம்.

“மின்சாரம்... உண்டு. மின்விசிறி... உண்டு. தளபாடம்...” கதிரையின் கைப்பிடியைத் தட்டிப் பார்த்தார். “தேக்கு. ம்ம். நல்ல தேக்கு.”

நிலாந்தினி டெனிஸ்ரனைப் பார்த்தாள். டெனிஸ்ரன் மின்விசிறியைப் பார்த்தான்.

“பிள்ளை, உங்களுக்கு ஒளிக்காமல் சொல்லுறன்,” என்றார் குலசிங்கம். அவர் குரல் கனிவாகத்தான் இருந்தது. “இந்தப் பகுதிக்கு இந்த முறை ஒரு வீடுதான். மூண்டு குடும்பம் கேட்டிருக்கு. மற்ற ரெண்டையும் பாத்திட்டன். வசதி குறைஞ்ச ஆக்களுக்குத்தான் முதல் இடம். இப்ப நான் பாக்கிறபடி நீங்கள் மூண்டாவது.”

டெனிஸ்ரன் வாயைத் திறந்தான். நிலாந்தினி கண்ணால் தடுத்தாள். என்ன சொல்வது? இரவல் என்றா? வேலிக்கு அப்பால் நிற்கிறவர்கள் தலையில் சுமந்து கொண்டுவந்து வைத்த சாமான். அவர்கள் காது கேட்க, இந்தச் சாமானால்தான் என் வீடு போகிறது என்று எப்படிச் சொல்வது? அவள் ஏணையைச் சும்மா ஆட்டினாள். பிள்ளை நித்திரையாகி வெகுநேரம் ஆகியிருந்தது.

வேலிக்கு அப்பால் மரியநாயகி நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார்.

“தம்பிஐயா, உம்முடைய அறிவு!”

“நான் நல்லதுக்குத்தானே அக்கா...”

“நான் போய் என்ரை கதிரையைக் கேக்கப்போறன்.”

இரஞ்சிதம் பதறிவிட்டாள். “வந்த ஆளுக்கு முன்னாலையோ? சனம் என்ன சொல்லும்?”

ஒருவருக்குக் கொடுத்த எதையும் திருப்பிக் கேட்டறியாதவர் மரியநாயகி. அவருடைய தேங்காய் துருவும் திருவலை இரஞ்சிதத்தின் குசினியில் குடியேறி எத்தனையோ வருடம். ஒருநாளும் வாய் திறந்ததில்லை. கொடுத்ததைக் கேட்பது பாவம் என்று யாரும் அவருக்குப் படிப்பிக்கவில்லை. கேட்க அவருக்கு மனம் வருவதில்லை, அவ்வளவுதான்.

“சனம் என்னைக் கஞ்சக் கசவாரம் எண்டு சொல்லும். சொல்லட்டும். என்ரை பேர் போனால் அந்தப் பிள்ளைக்கு ஒரு வீடு வருமெண்டால், போகட்டும்.”

படலையைத் திறந்துகொண்டு போனவர், குரலில் இல்லாத கடுமையை வரவழைக்கப் பார்த்தார். அது பாதிவழியில் உடைந்தது.

“பிள்ளை, என்ரை கதிரை ரெண்டையும் தாரும். ஐயா குறை நினையாதேங்கோ. நீங்கள் இருக்கிறதும் என்ரைதான்.”

குலசிங்கம் கோப்பையோடு எழும்பி நின்றார். அவர் நிமிர்வதற்குள் இரஞ்சிதம் பக்கத்தில் வந்து நின்றாள்.

“நீங்கள் ஆறுதலாக் குடியுங்கோ ஐயா. அவசரமில்லை. நான் நிக்கிறன்.”

ஒரு பெண் கையை நீட்டிக்கொண்டு நிற்க யாரால் ஆறுதலாகக் குடிக்க முடியும்? குலசிங்கம் மிச்சத்தை ஒரே மூச்சில் விழுங்கினார். இரஞ்சிதம் கோப்பையை வாங்கினாள். போகிற வழியில் யன்னல் சீலைகளையும் உருவிக்கொண்டு போனாள்.

பிறகு வந்தார் தம்பிஐயா. மேசை போயிற்று. மின்விசிறி சுழன்றபடியே போய் வாசலில் வைத்துத்தான் நின்றது. பிழையை அவர்தான் தொடக்கியவர். அதைத் திருத்தும் வேகம் அவரை அளவில்லாமல் பிடித்துக்கொண்டது. திரும்பி வந்து தண்ணீர்க் குடத்தைத் தூக்கினார்.

“இதுவும் என்ரை.”

கூட்டுக்குள் இருந்த பேட்டுக் கோழியைக் கக்கத்தில் இடுக்கினார்.

“இதுவும்.”

கோழி கத்திச் சொன்ன மறுப்பை ஒருவரும் பொருட்படுத்தவில்லை. கம்பில் தொங்கிய சட்டம் போட்ட படத்தையும் மற்றக் கையால் எடுத்தார்.

குலசிங்கம் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்தார். “படமும் உங்கடையோ?”

“ஓம் ஐயா.”

“அதிலை கலியாண உடுப்போடை நிக்கிறது நீங்களோ?”

தம்பிஐயா அப்போதுதான் படத்தைப் பார்த்தார். டெனிஸ்ரனும் நிலாந்தினியும் தேவாலய வாசலில் நின்று அவரைப் பார்த்துச் சிரித்தார்கள்.

“அந்த நேரம் நான் நல்ல மெலிவு ஐயா,” என்றார்.

குலசிங்கம் சிரிக்கவில்லை. கோப்பினை மூடினார்.

“முதல் வசதி காட்டினியள். இப்ப வறுமை காட்டுறியள். எனக்கு நாடகம் பாக்க நேரமில்லை, படகு போயிடும். பொய் விண்ணப்பம் எண்டு நான் எழுதிவிட்டால், இந்தப் பிள்ளையின்ரை பேர் இனி எந்தத் திட்டத்திலும் வராது. விளங்குதோ?”

மரியநாயகி தன் கதிரையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார். கண் கலங்கியிருந்தது. அவர் அழுவதைப் பார்த்தபோதுதான் நிலாந்தினிக்கு வாய் திறந்தது.

“ஐயா, கதிரை மரியநாயகி அக்கான்ரை. கோப்பையும் சீலையும் இரஞ்சிதம் அக்கான்ரை. மேசையும் ஃபானும் தம்பிஐயா அண்ணைன்ரை. எங்களுக்குக் கரண்ட் இல்லை, அந்த வயர் அவரின்ரை வீட்டிலையிருந்து வருகுது. நீங்கள் வந்து சும்மா நிக்கக்கூடாது எண்டு அவையள் தந்தவை. இரவல் எண்டு நான் முதலே சொல்லியிருக்கவேணும். வெக்கத்திலை சொல்லேல்லை.” மூச்செடுத்துக்கொண்டாள். “கோழி என்ரை. குடம் என்ரை. படம் எங்கடை. தம்பிஐயா அண்ணை சொன்னது பொய். எனக்காகச் சொன்னவர். ஆனால் பொய்தான்.”

தம்பிஐயா கோழியைக் கீழே விட்டார்.

“இன்னும் ஒண்டு இருக்கு,” என்று நிலாந்தினி மூலையில் கிடந்த பழைய சேலையை விலக்கினாள். கீழே ஒரு தையல் மெசின். “நீங்கள் இதைக் காணேல்லை. மடத்திலை சிஸ்டர்மார் தந்தவை. சொந்தச் சாமான். இதையும் எழுதுங்கோ.”

“ஐயோ, அதை ஏன் சொல்லுறாள்!” என்று இரஞ்சிதத்தின் குரல் வேலிக்கு அப்பாலிருந்து வந்தது.

“இதுக்கும் புள்ளி குறையும் பிள்ளை,” என்றார் குலசிங்கம்.

“குறையட்டும் ஐயா. உண்மை சொல்லாமல் எழுப்பின சுவருக்குள்ளை பிள்ளையை எப்பிடி வளக்கிறது?”

குலசிங்கம் வெளியே போய், கல்வேலிக்கு மேலால் போகும் வயரை அது முடியும் இடம் வரைக்கும் கண்ணால் தொடர்ந்தார். திரும்பி வந்தார். கூரையைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், மெசினின் சக்கரத்தை ஒருமுறை சுழற்றினார். பிறகு கோப்பினைத் திறந்து, எழுதியவற்றை ஒவ்வொன்றாக வெட்டினார். இந்த முறையும் வாய்விட்டுத்தான்.

“மின்சாரம்... இல்லை. மின்விசிறி... இல்லை. தேக்கு... போயிட்டுது. தையல் மெசின்... உண்டு. கோழி...” கொஞ்சம் யோசித்தார். “கோழிக்கு இதிலை இடமில்லை.” கூட்டிப் பார்த்தார். “மெசினைச் சேத்தும் நீங்கள்தான் முதல். இன்னும் சொல்லப்போனால், நான் போன மற்ற வளவுகளிலை ஒருத்தரும் தங்கடை சாமானைத் தாங்களாக் காட்டேல்லை. அதுக்கு இதிலை புள்ளி இல்லை. இருந்தால் போட்டிருப்பன்.”

டெனிஸ்ரன் ஏணைச் சேலையை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“இஞ்சை ஒரு கையெழுத்து, இதுதான் முதல் வீடு எண்டு உறுதி குடுக்கிறதுக்கு. கீழை ஒண்டு, சோலைவரிச் சலுகைக்கு.” குலசிங்கம் தாளை வைக்க இடம் தேடினார். மேசை இல்லை. கதிரை இல்லை. மரியநாயகி கதிரையைத் திருப்பி வைக்க ஓடிவந்தார்.

“வேண்டாம் அக்கா,” என்று தடுத்தார் தம்பிஐயா. உத்தியோகத்தருக்கு முன்னால் வந்து, இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றிக் குனிந்து நின்றார். “இதிலை வைச்சு எழுதுங்கோ ஐயா. இந்த முதுகு சத்தியமா என்ரைதான்.”

அப்போதுதான் குலசிங்கம் சிரித்தார். தாளைத் தம்பிஐயாவின் முதுகில் விரித்து, பேனையை நிலாந்தினியிடம் கொடுத்தார்.

“குனிஞ்சு நிக்கிறதோடை, சொன்ன பொய்க்குப் பரிகாரமா மூண்டு அருள்நிறை மந்திரம் சொல்லும்,” என்றார் மரியநாயகி.

“நான் சைவம் எல்லே அக்கா.”

“அப்ப ஒரு தேவாரம் படியும். ஆண்டவருக்கு எல்லாம் விளங்கும்.”

தம்பிஐயா குனிந்தபடியே தேவாரம் தொடங்கினார். பாட்டுக்கு முதுகு ஆடியது, முதுகோடு தாளும் ஆடியது. நிலாந்தினி ஓர் அடி முடியும்வரை பொறுத்திருந்து, அவர் மூச்செடுத்த இடைவெளியில் தன் பெயரை எழுதினாள்.