ஒன்பது டாக்பிளேவ்கள்

டாக்பிளேவ் என்ற குடும்பப் பெயர் உள்ளவர்கள் உலகத்தில் மொத்தம் ஒன்பது பேர். இருநூற்று அறுபது வருடங்களாக ஒன்பது பேர்தான். பிறந்தோ, மணமாகி வந்தோ பத்தாவதாக ஒருவர் சேர்ந்தால், ஒன்பது நாளைக்குள் அந்தப் பத்துப் பேரில் யாராவது ஒருவர் போய்விடுவார். ஒருவர் குறைந்தால் ஒன்பது மாதத்துக்குள் எப்படியாவது இன்னொருவர் வந்துசேர்வார். எங்கள் கடலோர ஊரான ஹெம்மர்சீலில் இதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. இறால் விலை இறங்கினால் பேசுவோம், கடல் அணையில் ஆடுகள் பள்ளம் பறித்தால் பேசுவோம். டாக்பிளேவ்கள் ஒன்பது பேர் என்பது வாரத்துக்கு ஏழு நாள் என்பதைப் போல.

பெயர் வந்தது 1717 கிறிஸ்துமஸ் வெள்ளத்தில். அணை உடைந்து ஊரே போய்விட்டது. மூன்றாம் நாள் ஒரு நாணல் கூரை மட்டும் மிதந்து வந்து தேவாலய மேட்டில் தட்டி நின்றது. அதன் முகட்டில் ஒன்பது பேர் குதிரைமேல் உட்கார்ந்திருப்பதுபோல் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருவருக்கொருவர் சொந்தம் கிடையாது. அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை, அப்பா பெயரையே பிள்ளைகள் பின்னால் போட்டுக்கொள்வார்கள். ஆனால் அந்த ஒன்பது பேருக்கும் தங்கள் அப்பா பெயர் மறந்துவிட்டிருந்தது. மூன்று நாள் குளிரில் அதுவும் தண்ணீரோடு போய்விட்டது. பாதிரியார் எங்கள் பேச்சில் ‘கூரையில் மிஞ்சியவர்’ என்று பொருள்படும்படி டாக்பிளேவ் என்று ஒன்பது முறை எழுதினார். வழியில் கை நழுவி விழுந்த ஒரு கைக்குழந்தையைப் பற்றி அவர்கள் சொன்னார்கள். அதையும் எழுதிவைக்கலாம் என்று பத்தாவது வரிக்குப் போனார், மை பிடிக்கவில்லை. அந்த வரி இன்றும் வெறுமையாக இருக்கிறது.

யார் போவது என்பதில் வயது வரிசை கிடையாது. 1911இல் ஒரு பெண் குழந்தை பிறந்தபோது, தொண்ணூறு வயதுக் கிழவர் ஒருவர் நல்ல உடுப்பு போட்டுக்கொண்டு காத்திருந்தார். போனது கோழி துரத்திக்கொண்டிருந்த ஆறு வயதுப் பையன். யார் வருவது என்பதிலும் ஒழுங்கு இல்லை. முதல் உலகப் போரில் ஒரே வாரத்தில் இரண்டு மகன்கள் விழுந்தார்கள். அறுபத்தொரு வயதுத் தாய்க்கு அந்த ஆண்டே இரட்டைப் பிள்ளைகள் பிறந்தன. அதற்கும் முன்னால் ஒருமுறை, கல்யாணம் ஆகி வேறு பெயருக்குப் போன பெண்ணைப் பெயர் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டது. அவள் புருஷன் ஒரு சாண் ஆழமுள்ள வாய்க்காலில் மூழ்கிச் செத்தான். அவள் பிறந்த வீட்டுக்கு வந்து, பாதிரியாரிடம் பழைய பெயரை எழுதச் சொன்னாள்.

1955 இலையுதிர் காலத்தில் தியார்க் டாக்பிளேவின் மனைவி மேட்டா இரண்டாவது முறை உண்டாகியிருப்பது தெரிந்தபோது, பெயர் உள்ளவர்கள் சரியாக ஒன்பது பேர். தியார்க், மேட்டா, அவர்களுடைய நான்கு வயது மகள் ரிக்ஸா, தியார்க்கின் அப்பா மோம்மெ, கல்யாணமாகாத தங்கை டால்கே ஆகிய ஐந்து பேர் ஒரே வீட்டில். அணை ஓரப் பண்ணையில் மோம்மெயின் ஒன்றுவிட்ட சகோதரர்கள் மூன்று பேர், பத்தாவது ஆளைக் கொண்டுவரப் பயந்து கடைசிவரை கல்யாணமே செய்துகொள்ளாதவர்கள். மூத்தவர் பெயர் ஏகோ. ஒன்பதாவது, எம்டன் மருத்துவமனையில் கன்னியாகவே வாழ்ந்துவந்த ஒரு வயதான செவிலி. மேட்டா பகல் முழுவதும் ரிக்ஸாவை மடியைவிட்டு இறக்கவில்லை. மோம்மெ தினமும் முகம் மழித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து, என்னை எடுத்துக்கொள் என்று கடல் பக்கம் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். அது கேட்கிற கடல் இல்லை என்று எல்லோருக்கும் தெரியும்.

டால்கேக்கு அப்போது முப்பத்து மூன்று வயது. பெயரைவிட்டு வெளியே போகக்கூடியவள் அவள் ஒருத்திதான். புத்தாண்டு முடிந்த வாரம் அவள் மதகு வீட்டுக்கு நடந்து போனாள். மதகுக் காவலன் ஹின்னர்க் லூர்ஸ், மனைவியை இழந்தவன், நாற்பத்து மூன்று வயது. தாரும் புகைபோட்ட விலாங்கும் கலந்த வாசனை அவன்மேல் எப்போதும் இருக்கும். வாசலிலேயே நின்று கேட்டாள்.

“உனக்குப் பொண்டாட்டி வேணுமா ஹின்னர்க்? ஆனா ஒண்ணு, உன்மேல ஆசைப்பட்டு வரல. அண்ணன் புள்ளைக்கு இடம் காலி பண்ணணும், அதான்.”

“தெரியும், ஊர்ல வேற என்ன பேச்சு. உள்ள வா, குளிருது. தேத்தண்ணி இருக்கு.”

“பதில் சொல்லு மொதல்ல.”

“வாசல்ல நிக்கிறவகிட்ட என்னத்த பதில் சொல்றது? உள்ள வான்னு சொல்லிட்டேன்ல.”

பிப்ரவரியில் கல்யாணம் நடந்தது. டால்கே லூர்ஸ் ஆனாள். மார்ச்சில் மேட்டாவுக்கு ஆண் குழந்தை பிறந்தது, ஒன்னோ என்று பெயர் வைத்தார்கள். ஒன்பது நாளும் கடந்தன, யாரும் போகவில்லை. அந்தப் பிரசவத்தோடு மேட்டாவின் கருப்பையை எடுத்துவிட்டார்கள் என்பதை அப்போது யாரும் பொருட்படுத்தவில்லை.

டால்கே ஹின்னர்க்கை எப்போது விரும்பத் தொடங்கினாள் என்பதற்குத் தேதி இல்லை. டாக்பிளேவ் வீட்டுப் பெண்களுக்குக் கடல் தண்ணீர் எவ்வளவு உயரம் நிற்கிறது என்று தெரியாமல் தூக்கம் வராது. புயல் வரும்போதெல்லாம் அவன் மதகுக்கும் வீட்டுக்குமாக நடந்து, கதவைத் திறந்து, “இன்னும் மூணு கையகலம் இருக்கு, தூங்கு” என்று சொல்லிவிட்டுப் போவான். 1962 பிப்ரவரிப் பெருவெள்ளத்தில் அணையின் விளிம்பைத் தண்ணீர் தொட்டபோதும் மூணு கையகலம் என்றுதான் சொன்னான். மறுநாள் பொழுது விடிந்து அணையைப் பார்த்தவள், அவன் பொய் சொன்னதற்காக அவனை ஒரு மணி நேரம் திட்டினாள். பிறகு அவன் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அதைப் பால்காரர் பார்த்தார், அதனால் ஊருக்கும் தெரியும்.

அடுத்த ஆண்டு அக்டோபரில் மோம்மெ சாதாரணமாக, வயதாகி, இறந்தார். எட்டுப் பேர் மிஞ்சினார்கள். மேட்டாவுக்கு இனிப் பிள்ளை இல்லை, ஒன்னோவுக்கு ஏழு வயது. அதனால் பண்ணைச் சகோதரர்களில் இளையவரான எழுபத்தொன்பது வயதுக்காரர் கோட்டைத் தூசி தட்டிப் போட்டுக்கொண்டு, தபால் நிலையத்து விதவையிடம் பெண் கேட்டுப் போனார்.

“உங்கமேல எனக்கு ஒண்ணும் இல்ல,” என்றாள் அவள். “நாளைக்கே உங்க வீட்ல ஒரு புள்ள பொறந்தா, செத்துப்போறதுக்கு வரிசைல நானும்ல நிக்கணும். எனக்கு லூயி வார்ட்ஸ்ங்கற பேரே போதும்யா.”

நவம்பரில் டால்கேயின் கையெழுத்து மாறியது. லூர்ஸ் என்று எழுதுவாள், மை காய்ந்ததும் டாக்பிளேவ் என்று இருக்கும். பேரேட்டில், ரொட்டிக்கடைச் சீட்டில், தலையணை உறையில் தைத்திருந்த எழுத்தில்கூட. டிசம்பரில் ஹின்னர்க்கின் காலணிகளில் காலைதோறும் கடல் தண்ணீர் நிரம்பியிருந்தது. அவன் அவற்றை வாசலில் கவிழ்த்துவிட்டுப் போட்டுக்கொள்வான். முதலில் கணுக்கால் வரை இருந்தது. பொங்கிவரும் கடல்போல ஒவ்வொரு வாரமும் ஏறியது. பிப்ரவரியில், கொடியில் காயப்போட்ட அவன் சட்டை மார்பு வரை நனைந்திருந்தது, மற்ற துணிகள் காய்ந்திருந்தன. டால்கே அந்தச் சட்டையை மடித்து மேசையில் வைத்தாள்.

“ஹின்னர்க், நாம பிரிஞ்சிரணும்.”

“மாட்டேன்.”

“கழுத்துக்கு வந்துரும். அப்புறம் நான் என்ன பண்றது?”

“வந்தா வரட்டும். மதகு வேல பாக்குறவனுக்குத் தண்ணி புதுசா?”

“எனக்குப் புதுசு,” என்றாள். “நீ இல்லாம இருந்து பழகல.”

அந்தக் காலத்துச் சட்டப்படி, பிரிவதற்கு இருவரில் ஒருவர் தப்பு செய்திருக்க வேண்டும். ஆவ்ரிஷ் நீதிமன்றத்தில் ஹின்னர்க், தான் அவளை அடித்ததாகச் சொன்னான். டால்கே எழுந்து, இந்த ஆள் ஒரு ஆட்டைக்கூட அடித்ததில்லை, தப்பு என்னுடையது, எனக்கு வேறொரு தொடர்பு இருக்கிறது என்றாள். நீதிபதி அந்த ஆளின் பெயரைக் கேட்டார்.

“பேருதான் அய்யா. வெறும் பேரு.”

அவர் புரிந்துகொள்ளாமல், சொல்ல மறுத்தாள் என்று எழுதிக்கொண்டு விலக்கு கொடுத்தார். ஈஸ்டருக்கு முன்னால் டால்கே பதிவாளர் பிராமரிடம் பழைய பெயரைத் திரும்ப எழுதிக் கொடுத்தாள். ஒன்பது பேர் ஆனார்கள். மறுநாள் முதல் ஹின்னர்க்கின் காலணிகள் உலர்ந்திருந்தன.

அதன்பின் பதின்மூன்று வருடங்கள் அவர்கள் வாய்க்காலின் இரு கரைகளில் வாழ்ந்தார்கள், அவன் மதகு வீட்டில், அவள் எதிரே ஒரு சிறு வீட்டில். தினமும் நான்கு மணிக்கு அவன் தேநீருக்கு வருவான், ஆறு மணிக்குப் போவான். ஒரே வீட்டில் இருந்தால் பெயர் அதைக் கல்யாணமாக எடுத்துக்கொள்ளுமோ என்று இருவருக்கும் பயம். ரிக்ஸா ஹாம்பர்க்கில் ஒருவனோடு பதிவு செய்யாமலே குடித்தனம் நடத்தினாள். செவிலி நூறைத் தாண்டியும் எம்டனில் கட்டுத்துணி மடித்துக்கொண்டிருந்தாள். பண்ணைச் சகோதரர்கள் மூவராலும் சாக முடியவில்லை. அவர்கள் இடத்துக்கு வர வெளியே யாரும் இல்லை. ஏகோவின் நாடித் துடிப்பு 1969இல் நின்றுவிட்டது. இறப்புச் சான்று எழுத வந்த மருத்துவரிடம் அவர், தன் தேநீரில் கற்கண்டு போட மறந்துவிட்டார்கள் என்று குறை சொன்னார். அதன் பிறகு எட்டு ஆண்டுகள் மூட்டு வலியோடும் கண் தெரியாமலும் இருந்தார்.

இதற்கிடையில் சட்டம் மாறியது. கல்யாணத்தில் மனைவியின் பெயரைக் கணவன் எடுத்துக்கொள்ளலாம் என்று வந்தது. 1977 ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏகோ தன் தம்பி தோளைப் பிடித்துக்கொண்டு தியார்க் வீட்டுக்கு வந்து, டால்கேயையும் ஹின்னர்க்கையும் கூப்பிட்டு அனுப்பினார்.

“எனக்குத் தொண்ணூத்தெட்டு,” என்றார். “இவனுங்களும் தொண்ணூறத் தாண்டிட்டானுங்க. ஹின்னர்க்கு, நீ எங்க பேருக்கு வாய்யா. நீ வந்தா எங்கள்ல ஒருத்தனுக்கு விடுதல. நீங்க ரெண்டு பேரும் ஒரு கூரைக்குக் கீழ இருக்கலாம். எல்லாருக்கும் நல்லது.”

“உங்கள்லதான் எடுக்கும்னு யாரு சொன்னா?” என்றான் ஹின்னர்க். “ஒன்னோ இருக்கான். ரிக்ஸா இருக்கா.”

எல்லோரும் மேட்டாவைப் பார்த்தார்கள். அவள் ஹாம்பர்க்குக்கும் எம்டனுக்கும் டால்கேயும் ஹின்னர்க்கும் வருவதற்குள்ளேயே தொலைபேசியில் பேசியிருந்தாள். ரிக்ஸாவும் செவிலியும் சம்மதம் சொல்லிவிட்டார்கள் என்றாள். இருபத்தொரு வயது ஒன்னோ, “அத்தை வெளிய போனதாலதான் நான் இருக்கேன், எனக்குச் சரி” என்றான். மேட்டா மகன் கையை விடாமல் சொன்னாள்:

“டால்கே, எனக்குப் பயமாத்தான் இருக்கு. இல்லைன்னு சொன்னா பொய். ஆனா உன்கிட்ட வாங்கினத நான் இன்னும் திருப்பிக் குடுக்கல. பண்ணிக்கோங்க.”

“அண்ணி, நான் எதையும் திருப்பிக் கேட்கலையே.”

“நீ கேட்டாத்தானே. நீ எப்பவும் எதுவும் கேட்டதே இல்ல.”

செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்குப் பதிவாளர் பிராமர் அவர்களுக்குக் கல்யாணம் செய்துவைத்தார். ஹின்னர்க் லூர்ஸ், அறுபத்து நான்கு வயதில், ஹின்னர்க் டாக்பிளேவ் ஆனான். டால்கே ஒரு பெட்டியோடு மதகு வீட்டுக்கு வந்தாள். ஊர் முழுவதும் காலையில் எழுந்ததும் பண்ணைப் புகைபோக்கியைப் பார்த்தது. தினமும் புகை வந்தது. சகோதரர்கள் மூவரும் சுத்தமான சட்டை போட்டுக்கொண்டு படுத்து, ஏமாற்றத்தோடு எழுந்தார்கள். மேட்டா ஒன்னோவை அறைக்குள் வைத்துப் பூட்டினாள், அவன் ஜன்னல் வழியாக வேலைக்குப் போனான். மதகு வீட்டிலோ அந்த நாட்களில் சிரிப்புச் சத்தம் கேட்டது. இருவரும் ஜன்னலுக்குப் பச்சைச் சாயம் பூசினார்கள். ஆறு மணிக்கு ஹின்னர்க் பழக்கதோஷத்தில் தொப்பியை எடுப்பான். “எங்க கெளம்பிட்ட, வீடே இதுதான்” என்பாள் டால்கே.

ஒன்பதாம் நாள் புதன்கிழமை, மதியத்துக்குச் சற்று முன், அவள் வாசல் பெஞ்சில் உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தாள். ஹின்னர்க் மதகை மூடிவிட்டு வந்து பார்த்தபோது, ஒரு கிண்ணத்தில் உரித்தது பாதி, மறு கிண்ணத்தில் உரிக்காதது பாதி இருந்தன. அவள் தலை சுவரில் சாய்ந்திருந்தது. வெயில் அடித்துக்கொண்டிருந்தது, அவள் முடியிலிருந்து உப்புத் தண்ணீர் சொட்டியது. அவன் உள்ளே போய்த் துண்டு எடுத்துவந்து அவள் தலையைத் துவட்டினான். துவட்டத் துவட்ட வந்துகொண்டே இருந்தது. தியார்க் வந்து அவன் கையைப் பிடிக்கும்வரை நிறுத்தவில்லை. இருவருமாக அவளை உள்ளே கட்டிலில் கிடத்தியபின், தியார்க் மேட்டாவிடம் சொல்லப் போனான்.

பண்ணையிலிருந்து மூன்று சகோதரர்களும் அணைமேல் இரண்டு மணி நேரம் நடந்து வந்து சேர்ந்தார்கள். ஏகோ கதவு நிலையைத் தடவிக்கொண்டு உள்ளே வந்தார்.

“நான்தான் போயிருக்கணும். உன்னைக் கூப்பிட்டு உன் வீட்டையே கெடுத்துட்டேன்.”

ஹின்னர்க் ஈரத் துண்டைப் பிழிந்து ஆணியில் மாட்டினான். பிறகு, “எட்டு நாள் இருந்தா,” என்றான். “காலைல எந்திரிக்கும்போது இருந்தா, படுக்கும்போதும் இருந்தா. உங்கள நான் என்ன சொல்லப்போறேன். உக்காருங்க, நடந்து வந்திருக்கீங்க.”

இறால் கெட்டுவிடும் என்பதால் மீதியையும் அவன் உரித்தான். ரொட்டியில் வெண்ணெய் தடவி, இறாலை வைத்து, மேலே ஆளுக்கொரு முட்டையைப் பொரித்துப் போட்டான். கண் தெரியாத ஏகோவுக்கு மட்டும் சிறு துண்டுகளாக வெட்டிக் கொடுத்தான். நான்கு டாக்பிளேவ்களும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டார்கள். கடல் வற்றும் நேரமானதும் ஹின்னர்க் எழுந்து தொப்பியைப் போட்டுக்கொண்டு மதகைத் திறக்கப் போனான்.