மத்தியாஸ் கட்டிய கார்

"ரப்பர் எங்கயாவது மடங்குதா பாரு" என்றான் பற்றிக். இரண்டு கைகளாலும் கண்ணாடியைத் தாங்கிப் பிடித்திருந்தான். கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

காருக்குள் முட்டி போட்டிருந்த ஐரின், சட்டத்தின் அடி விளிம்பை விரலால் தடவிக்கொண்டு போனாள். "மடங்கல அண்ணே. சரியா உக்காருது."

"அழுத்து. மெல்ல."

கண்ணாடி பித்தளைச் சட்டத்துக்குள் இறங்கியது. பற்றிக் உடனே திருப்புளியை எடுக்கவில்லை. உள்ளங்கைகளைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு சற்று நேரம் அப்படியே நின்றான்.

கண்டி கட்டுக்கலையில் இருந்த இந்தக் கொட்டகையில்தான் அவர்களுடைய அப்பா மத்தியாஸ், தோட்டத்துத் துரைமாருக்கும் கோர்ட்டுப் பிரக்கிராசிமாருக்கும் கார்ப் பாடி கட்டிக் கொடுத்தார். தனக்கென்று ஒன்றைத் தொடங்கி நாலு வருடமாகியிருந்தது. கம்பளையில் வெள்ளத்தில் மூழ்கிக் கிடந்த கார் ஒன்றின் அடிச்சட்டத்தை வாங்கி வந்து, தேக்கில் கூடு பூட்டி, தகரம் போர்த்தி, கதவு வைத்து, எல்லாம் ஆயிற்று. முன்கண்ணாடி மட்டும் பாக்கி.

அதைப் பூட்டும்போதுதான் இரண்டு வருடத்துக்கு முன்னால் பற்றிக் ஒரே மூச்சில் திருகாணியை முடுக்கினான். கண்ணாடியில் மூலைக்கு மூலை விரிசல் ஓடியது. அப்பா ஏசவில்லை. "ஒன் கைக்கு அவசரம் ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டு உடைந்ததை அள்ளப் போய்விட்டார். அடுத்த கிழமை பற்றிக் நாவலப்பிட்டியில் ஒரு கராஜில் வேலைக்குச் சேர்ந்தான். வீட்டுக்கு வருவது குறைந்தது. அப்பா வேறு கண்ணாடிக்குச் சொல்லி அனுப்பவே இல்லை.

நேற்று, அப்பா படுத்திருந்த ஆசுபத்திரியின் டாக்டர் ஐரினைத் தனியாகக் கூப்பிட்டார். "வீட்டுக்குக் கொண்டு போறதா இருந்தா நாளைக்கே கொண்டு போங்க. நெஞ்சில காத்தும் ஈரமும் படக் கூடாது." வாடகைக் கார் பிடிக்கிறேன் என்று அவள் சொன்னபோது அப்பா தலையை அசைத்தார். "என் கார்ல" என்றார். அவ்வளவுதான்.

தந்தி கிடைத்து இன்று காலை ரயிலில் வந்திறங்கிய பற்றிக்கின் கையில் சாக்குச் சுற்றிய கண்ணாடி இருந்தது.

"ஒரே ராத்திரியில எப்படிண்ணே வெட்டினீங்க?"

"வெட்டி ஆறு மாசமாச்சு. அளவு அட்டை என்கிட்டதானே இருந்துச்சு" என்றான் அவளைப் பார்க்காமல்.

இப்போது முடுக்கத் தொடங்கினான். ஒவ்வொரு திருகாணிக்கும் கால் சுற்று. பிறகு அதற்கு எதிர்ப்புறம் இருப்பதற்குக் கால் சுற்று. பன்னிரண்டையும் ஒரு வட்டம் முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து. ஒவ்வொரு வட்டமும் முடிந்தபின் காதைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்துக் கேட்டான். ஐரின் மூச்சுவிடப் பயந்து உட்கார்ந்திருந்தாள்.

ஆசுபத்திரி வாசலில் இரண்டு பேர் அப்பாவைத் தூக்கி வந்தார்கள். பின் ஆசனத்தில் மெத்தை விரித்திருந்தும் அவர் முன்னால்தான் உட்காருவேன் என்றார். தலையணைகளை அண்டை கொடுத்து உட்கார வைத்தார்கள். அவர் மெதுவாகக் கையைத் தூக்கி, பெருவிரலைச் சட்டத்தின் ஓரமாக, எட்டிய மட்டும் ஓட்டினார்.

"எத்தன சுத்து?"

"பதினொண்ணு அப்பா. கால் காலா."

பற்றிக் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி காத்திருந்தான். அப்பா கண்ணை மூடித் திறந்தார். "போ" என்றார்.

பேராதெனிய பாலம் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. கண்ணாடியைத் துடைக்கும் கட்டையின் கைப்பிடியை அப்பா நடுவில், ஓட்டுகிறவனுக்குப் பக்கத்தில் இருப்பவருக்கு எட்டும்படி வைத்திருந்தார். பற்றிக் அதற்குக் கை நீட்டியபோது தடுத்தார்.

"நீ ரோட்டப் பாரு. இது என் வேல."

அவரே கைப்பிடியை இப்படியும் அப்படியும் திருப்பினார். அரைவட்டமாகப் பாதை தெரிந்தது, மறைந்தது, தெரிந்தது. பற்றிக்கின் தோள் தளர்ந்ததைப் பின்னால் இருந்த ஐரின் பார்த்தாள். பிலிமத்தலாவைக் கடைகள் பின்னால் போயின.

அதற்கப்புறம் கைப்பிடி நின்றது. அப்பாவின் கை மடியில் விழுந்து கிடந்தது. கண்ணாடியின் மேல் விளிம்பிலிருந்து ஒரு சொட்டு இறங்கி அந்தக் கையின்மேல் விழுந்தது. இன்னொன்று. அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

ஐரின் முன்னால் சாய்ந்து அவருடைய கழுத்தோரம் விரல்களை வைத்தாள். அதே விரல்களை அங்கேயே வெகுநேரம் வைத்திருந்தாள்.

"ஏன் நின்னுடுச்சு?" பற்றிக் பாதையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

கடுகண்ணாவை ஊர் இனிமேல்தான் வரவேண்டும். அதைத் தாண்டினால் கல்லைக் குடைந்து போட்ட வழி, பிறகு இறக்கம். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். வீடு அந்த இறக்கத்தில் இருந்தது.

"கை வலிக்குதாம். நான் திருப்புறேன்" என்றாள். அப்பாவின் தோளுக்கு மேலாக எட்டிக் கைப்பிடியைப் பிடித்தாள்.

"தண்ணி உள்ள வருதான்னு கேளு."

மற்றக் கையால் தன் கைக்குட்டையை எடுத்து, சொட்டு விழுந்த அந்தக் கையின்மேல் போட்டாள்.

"வரலையாம்."

ஒரு வளைவு போயிற்று. எதிரே வந்த மாட்டுவண்டிக்கு விலகி நின்று மறுபடி புறப்பட்டான் பற்றிக்.

"வேற ஒண்ணும் சொல்லலையா?"

அப்பாவின் பெயரில் அவள் ஒருநாளும் பொய் சொன்னதில்லை. மழை தகரக் கூரையில் கொட்டிக்கொண்டிருந்தது.

"நிதானமா முடுக்கியிருக்கான்னு சொன்னாரு."

பற்றிக் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். கடுகண்ணாவை வந்தது, ஸ்டேஷன் வந்தது, கல் வழியின் இருட்டு வந்து போயிற்று. ஐரின் மரித்தோருக்கான செபத்தை உதடு அசையாமல் சொல்லிக்கொண்டே கைப்பிடியைத் திருப்பினாள். இறக்கம் முழுவதும் பற்றிக் மிக மெதுவாக, அப்பாவுக்குக் குலுக்கல் தெரியக் கூடாதென்று ஓட்டினான்.

வீட்டு வாசலில் இஞ்சினை நிறுத்திவிட்டு, "அப்பா, வந்துட்டோம்" என்று திரும்பினான்.

கையை நீட்டி அப்பாவின் தோளைத் தொட்டான்.

"எப்ப?" என்றான்.

ஐரின் அவன் முகத்தை நேராகப் பார்த்தாள். "இப்பத்தாண்ணே. கல்லத் தாண்டி, கடைசி வளைவுல."

அவன் தலையை ஆட்டினான். ஆட்டிக்கொண்டே இருந்தான். பிறகு நெற்றியை ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டான்.

அம்மா அந்தோனியம்மா குடையோடு ஓடி வந்து அப்பா பக்கத்துக் கதவைத் திறந்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். குனிந்து, கைக்குட்டைக்கு அடியில் இருந்த கையைப் பிடித்தாள். ஏற்கெனவே குளிர்ந்து போயிருந்த அந்தக் கையைப் பிடித்தபடி நிமிர்ந்து ஐரினைப் பார்த்தாள்; பிறகு ஸ்டியரிங்கில் கவிழ்ந்திருந்த மகனைப் பார்த்தாள்.

ஈரக் கைக்குட்டையை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"நனையாமத் தூக்குங்க" என்று சொல்லி, குடையை அவருக்கு மேலே பிடித்துக்கொண்டு மழையில் நின்றாள்.